முதல் வில் வாங்கப் போகிறேன்: 40 பவுண்டு ரிகர்வ்வா, குதிரை வில்லா, மூங்கில் வில்லா?

தென்னந்தோப்பு:

வணக்கம். முதன்முதலாகப் பாரம்பரிய வில் ஒன்று வாங்கப் போகிறேன். குறிபார்க்கும் சைட், ஆட்டத்தைக் குறைக்கும் ஸ்டெபிலைசர், கப்பி எதுவும் வேண்டாம். வில், நாண், அம்பு மட்டும் போதும். போட்டிக்குப் போகும் எண்ணம் இப்போதைக்கு இல்லை. பொள்ளாச்சிப் பக்கம் எங்கள் தோப்பில் 15 மீட்டரில் இலக்கு வைத்து வாரம் மூன்று நாள் எய்வதாக உத்தேசம்.

வயது 31, உயரம் 170 செ.மீ. இரண்டு கைகளையும் விரித்தால் நடுவிரல் நுனிக்கு நுனி 172 செ.மீ. வலது கைப் பழக்கம், ஆனால் ஆதிக்கக் கண் (குறிபார்க்க மூளை அதிகம் நம்பும் கண்) இடது. பயிற்சி வகுப்பில் ஒரு மாதம் 18 பவுண்டு இழுவிசை உள்ள வில்லில் எய்திருக்கிறேன்.

மனதில் இருப்பவை மூன்று: மூன்று துண்டாகக் கழற்றும் 62 அங்குல ரிகர்வ் (நுனிகள் முன்பக்கம் வளைந்த வில்), ஹங்கேரி பாணி குதிரை வில் (குதிரை மேலிருந்து எய்வதற்கான குட்டை வில்), நம் நாட்டு இந்தியன் ரவுண்ட் போட்டிகளில் பயன்படுத்தும் மூங்கில் வில். கடைக்காரர் 40 பவுண்டு எடுக்கச் சொல்கிறார். "ஆறு மாசத்துல பழகிடும், ரெண்டு தடவை எதுக்குச் செலவு" என்கிறார். யூடியூபிலும் 40, 45 என்றுதான் பேசுகிறார்கள். எதை எடுக்கலாம்?

நாணேற்றி:

எந்த வகை வில் என்பதைப் பிறகு பார்க்கலாம் நண்பரே. முதலில் அந்த 40ஐ விட்டுவிடுங்கள்.

அந்த எண்ணுக்கு ஒரு பின்னணி உண்டு. பாரம்பரிய வில் பற்றி ஆங்கிலத்தில் வீடியோ போடுகிறவர்களில் பலர் அமெரிக்க வேட்டைக்காரர்கள். அங்கே பல மாநிலங்களில் மான் வேட்டைக்கு வில்லின் இழுவிசை இவ்வளவுக்குக் குறையக்கூடாது என்று சட்டமே இருக்கிறது. 35, 40 என்று மாநிலத்துக்கு மாநிலம் மாறும். அதனால்தான் அவர்கள் 40, 45இல் ஆரம்பிக்கச் சொல்கிறார்கள். 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் இருக்கும் நம் நாட்டில் அந்தக் கணக்குக்கு வேலையே இல்லை. உங்கள் அம்பு குத்தப் போவது சாக்கு மூட்டையில். 15 மீட்டரில் அதற்கு 20 பவுண்டே தாராளம்.

லிம்பில், அதாவது கைப்பிடிக்கு மேலும் கீழும் வளையும் பகுதியில், எழுதியிருக்கும் எண் 28 அங்குல இழுப்புக்கு உரியது. உங்கள் இழுப்பு நீளத்தைத் தோராயமாகப் பிடிக்க, விரித்த கைகளின் அளவை 2.5ஆல் வகுக்க வேண்டும். 172ஐ வகுத்தால் 68.8 செ.மீ., அதாவது 27 அங்குலம். 25, 30 பவுண்டு வில்களில் ஓர் அங்குலம் குறைந்தால் ஏறக்குறைய 2 பவுண்டு குறையும். ஆகவே 25 என்று எழுதிய வில் உங்கள் விரலில் சுமார் 23 பவுண்டாக இருக்கும். 18இல் பழகிய கைக்கு அது சரியான அடுத்த படி. அதிகபட்சம் 28 வரை போகலாம், அதற்கு மேல் வேண்டாம்.

40ஐ எடுத்தால் நடப்பது இதுதான். முதல் பத்து அம்பு வரை உற்சாகமாக இருக்கும். பிறகு வில் பிடித்த தோள் மெல்ல மேலேறிக் காதுப் பக்கம் போய்விடும். நாண் வாயோரத்துக்கு வந்து சேராது; இரண்டு அங்குலம் முன்னாலேயே விரல் விட்டுவிடும். இழுப்பு ஒவ்வொரு முறையும் ஒவ்வொரு அளவில் நிற்பதால் அம்பின் வேகமும் வளைவும் மாறி, அம்புகள் மேலும் கீழும் பக்கவாட்டிலும் சிதறும். குறி தவறுகிறது என்று நீங்கள் பார்வையைத் திருத்திக்கொண்டிருப்பீர்கள், பிழை இருப்பதோ முதுகில். நாண் முகத்தைத் தொடுவதற்கு முன்பே விட்டுவிடும் பழக்கம் ஒருமுறை ஊறிவிட்டால், பிறகு 20 பவுண்டு வில்லைக் கொடுத்தாலும் போகாது. தோள்மூட்டுத் தசைநார் கிழிந்தால் எத்தனை மாதம் வில்லைத் தொடாமல் இருக்க வேண்டும் என்பதையும் அந்த "ரெண்டு தடவை செலவு" கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

சோதனை சுலபம். வாங்க நினைக்கும் வில்லை, அம்பு கோத்து இலக்கைப் பார்த்து நின்று, முழுதாக இழுத்து நாணை வாயோரத்தில் வைத்துப் பத்து எண்ணுங்கள். விடாமல் மெதுவாகத் திருப்பிக் கொண்டுவாருங்கள். அரை நிமிடம் ஓய்வு, மறுபடி. ஐந்து முறை செய்தும் வில் பிடித்த கை நடுங்கவில்லை என்றால் அந்த எடை (இழுவிசையைத்தான் இப்படிச் சொல்கிறோம்) உங்களுடையது. ஐந்தாவது முறை தோள் ஏறினால் 4 பவுண்டு இறங்குங்கள்.

கண் விஷயம்: எய்யத் தொடங்கி ஒரு மாதம்தான் என்பதால் கண்ணைப் பின்பற்றுங்கள். இடது கை வில் வாங்குங்கள். இடது கை வில் என்றால் இடது கையில் பிடிப்பது அல்ல. வலது கையில் பிடித்து இடது கையால் நாணை இழுப்பது. ஆர்டர் போடும்போது நிறையப் பேர் தடுமாறுவது இங்கேதான்.

மூங்கில்கணு:

எடை பற்றி நாணேற்றி அண்ணா சொன்னதில் மாற்றுக் கருத்து இல்லை. கண் விஷயத்தில் மட்டும் கொஞ்சம் நிதானம் வேண்டும் என்பேன். ஆதிக்கம் எவ்வளவு பலமானது என்று முதலில் பாருங்கள். இரு கைகளையும் முழுக்க நீட்டி, விரல்களுக்கு நடுவே சின்ன முக்கோண இடைவெளி விட்டு, அதன் வழியே சுவர்க் கடிகாரத்தைப் பாருங்கள். இரண்டு கண்ணும் திறந்தபடியே கைகளை முகத்தருகே கொண்டுவாருங்கள். இடைவெளி எந்தக் கண்ணுக்கு வருகிறதோ அதுவே ஆதிக்கக் கண். காலை, மாலை, வேறு வேறு தூரம் என்று ஐந்தாறு முறை செய்யுங்கள். எல்லா முறையும் இடது என்றால் அண்ணா சொன்னபடி இடது கை வில். இரண்டுக்கும் மாறி மாறி வந்தால் வலது கையிலேயே, இடது கண்ணைப் பாதி மூடி எய்யலாம்.

இப்போது வகை.

குதிரை வில் அழகானது. உங்களுக்கு அதில் ஒரு தனி வசதியும் உண்டு: அம்பு வைக்கும் ஷெல்ஃப் வெட்டு இல்லாததால் இரண்டு கையிலும் எய்து பார்க்கலாம். ஆனால் முதல் வில்லாக நான் பரிந்துரைக்க மாட்டேன். அம்பு உங்கள் முஷ்டியின் மேல் உட்கார்கிறது. முஷ்டி இரண்டு மில்லிமீட்டர் ஏறி இறங்கினால் அம்பும் ஏறி இறங்கும். இறகின் முன்நுனி ஒட்டியிருக்கும் இடம் கூராக இருந்தால் சுட்டுவிரல் மூட்டுக்குக் கீழே கீறிக்கொண்டு போகும். கைப்பிடி நடுவில் வெட்டப்படாததால், அம்பு கைப்பிடியின் முழு அகலத்தையும் சுற்றி வளைந்து போயாக வேண்டும். அம்பின் விறைப்பு கொஞ்சம் பிசகினாலும் அது காட்டிக்கொடுக்கும். வில் குட்டையானால், முழு இழுப்பில் நாண் கூர்கோணமாக மடங்கி மூன்று விரலையும் நெரிக்கும். துருக்கி, கொரியா, மங்கோலியாவில் கட்டைவிரலில் மோதிரம் போட்டு இழுக்கும் முறை அந்தக் குட்டை வில்களுக்கு அவ்வளவு பொருந்துவது அதனால்தான். கட்டைவிரல் முறையில் அம்பு வில்லின் மறுபக்கம் உட்காரும் என்பதையும் கவனியுங்கள். அது தனியாகக் கற்க வேண்டிய கலை.

மூங்கில் வில்லை நான் மிகவும் மதிக்கிறேன். இந்தியன் ரவுண்டில் 30 மீட்டரிலும் 50 மீட்டரிலும் சைட் இல்லாமல் எய்கிறார்கள், அதுவும் எப்பேர்ப்பட்ட துல்லியத்தோடு! விலையும் குறைவு. குறை என்னவென்றால் வில்லுக்கு வில் எடை மாறும். எழுதியிருப்பதை நம்பாமல் கொக்கித் தராசை நாணில் மாட்டி, 27 அங்குலத்துக்கு இழுத்துப் பார்த்து வாங்க வேண்டும். பராமரிப்பிலும் ஒழுங்கு வேண்டும். எய்து முடித்ததும் நாணை இறக்கிவிடுங்கள். முழு இழுப்பில் அதிக நேரம் பிடித்து நிற்காதீர்கள். மேலே சொன்ன பத்து எண்ணும் சோதனை மூங்கிலுக்கு வேண்டாம், இரண்டு மூன்று நொடியே அதிகம். மழைக்காலத்தில் ஈரம் ஏறினால் மூங்கில் சோர்ந்துபோய் விசை குறையும். ஒவ்வொரு முறையும் நாணேற்றும் முன் ஒரு பஞ்சு உருண்டையை வில்லின் முதுகிலும் (இலக்கைப் பார்க்கும் பக்கம்) வயிற்றிலும் (நம்மைப் பார்க்கும் பக்கம்) மெல்ல இழுத்துப் பாருங்கள். கண்ணுக்குத் தெரியாத சிலும்பு இருந்தால் பஞ்சில் ஓரிழை சிக்கி நிற்கும். சிக்கிய இடத்தில் நார் எழுந்திருக்கிறது என்று பொருள். அந்த வில்லை அன்றைக்கு இழுக்காதீர்கள்.

ஆக, உங்களுக்கு ஏற்றது கழற்றும் ரிகர்வ்தான். ஒரே ரைசரை (நடுவில் உள்ள கைப்பிடித் துண்டு) வைத்துக்கொண்டு 25, பிறகு 30, வேண்டுமானால் 35 என்று லிம்ப் ஜோடியை மட்டும் மாற்றிக்கொண்டே போகலாம். கடைக்காரர் சொன்ன இரட்டைச் செலவுக்குப் பதில் இதுவே. 27 அங்குல இழுப்புக்கு 62 அங்குல வில் போதும். 64, 66 கிடைத்தால் இன்னும் மிருதுவாக இழுபடும். பின்னாளில் எந்த நிறுவனத்தின் லிம்பையும் மாட்டும் வசதி வேண்டுமென்றால் ஐ.எல்.எஃப். (பல நிறுவனங்களுக்கும் பொதுவான லிம்ப் இணைப்பு முறை) ரைசராகப் பாருங்கள். அதில் ஒன்று கவனிக்க வேண்டும்: அந்த லிம்ப்களில் உள்ள எடை பெரும்பாலும் 25 அங்குல ரைசரை வைத்துக் குறித்தது. 21, 19 என்று குட்டை ரைசரில் மாட்டினால் எடை சில பவுண்டு கூடிவிடும். லிம்பில் எதை வைத்துக் குறித்திருக்கிறது என்று படித்துப் பார்த்து வாங்குங்கள்.

இறகுமூன்று:

வில்லைப் பற்றி இருவரும் சொல்லிவிட்டார்கள். குறி கூடுவதில் பாதிக்கு மேல் அம்பில் இருக்கிறது, அதைப் பற்றி யாரும் கேட்பதில்லை.

விரலில் 23 பவுண்டு, அம்பு 29 அங்குலம் என்றால் கார்பனில் 900 ஸ்பைன் (அம்பு எவ்வளவு வளையும் என்ற அளவு; எண் கூடினால் தளர்ச்சி) அருகில் வரும். டஜனாக வாங்கிவிடாதீர்கள். 800, 900, 1000 மூன்றிலும் இரண்டிரண்டு வாங்கி, ஒவ்வொரு ஜோடியிலும் ஒன்றில் மட்டும் இறகு ஒட்டுங்கள். 10 மீட்டரில் இரண்டையும் எய்யுங்கள். வலது கைக்காரருக்கு, இறகில்லாத அம்பு இறகுள்ளதற்கு இடப்பக்கம் விழுந்தால் அம்பு அதிக விறைப்பு, வலப்பக்கம் விழுந்தால் தளர்ச்சி. இடது கைக்காரருக்கு இது அப்படியே தலைகீழ். தளர்ச்சியாக இருந்தால் நுனியில் கால் அங்குலம் கால் அங்குலமாக வெட்டுங்கள், விறைக்கும். விறைப்பாக இருந்தால் இன்னும் கனமான முனை மாட்டுங்கள். ஆனால் முழு இழுப்பில் அம்பு ஷெல்ஃபைத் தாண்டி ஓர் அங்குலமாவது முன்னால் நீட்டிக்கொண்டிருக்க வேண்டும். குட்டை அம்பு ஷெல்ஃபிலிருந்து பின்னால் விழுந்து, விட்ட நொடியில் உங்கள் கையிலேயே பாயும்.

அம்பின் எடையும் முக்கியம். ஒரு பவுண்டு இழுவிசைக்கு 8 முதல் 10 கிரெய்ன் என்று வைத்துக்கொள்ளுங்கள். 23 பவுண்டுக்கு 184 முதல் 230 கிரெய்ன், அதாவது 12 முதல் 15 கிராம். மிக லேசான அம்பை எய்வது ஏறக்குறைய வெறும் நாணை விடுவதற்குச் சமம். வெறும் நாணை விட்டால் அம்புக்குப் போக வேண்டிய விசை முழுதும் லிம்புக்கே திரும்பி, ஒரே முறையில்கூட லிம்ப் பிளக்கலாம். தோப்புக்கு வரும் நண்பர்கள் வில்லைக் கையில் வாங்கியதும் முதலில் செய்வது அதைத்தான். கொடுக்கும்போதே சொல்லிவிடுங்கள்.

ஷெல்ஃபிலிருந்து எய்வதால் பிளாஸ்டிக் இறகு கூடாது. அது மடங்காமல் ஷெல்ஃபில் இடித்து அம்பை உதைக்கும். பறவை இறகு, 4 அங்குலம், மூன்று போதும்.

நாணேற்றும்போது வில்லைக் காலுக்கிடையில் விட்டு வளைக்காதீர்கள், லிம்ப் முறுக்கிக்கொள்ளும். நாணேற்றும் கயிறு ஒன்று கட்டாயம் வாங்குங்கள். நாணின் பெரிய கண்ணை (வளையத்தை) மேல் லிம்பில் நுழைத்து விட்டு, சின்னக் கண்ணைக் கீழ்நுனிப் பள்ளத்தில் மாட்டுங்கள். கயிற்றின் உறையைக் கீழ்நுனியிலும் ரப்பர் பிடியை மேல் லிம்பிலும் வைத்து, கயிற்றை மிதித்துக்கொண்டு கைப்பிடியை நேராக மேலே தூக்குங்கள். முகம் ஒதுங்கியிருக்கட்டும். மேல் கண் பள்ளத்தில் உட்கார்ந்ததும் மெதுவாக இறக்கி, இரண்டு நுனியையும் பார்த்த பிறகே கயிற்றைக் கழற்றுங்கள். நாண் இரண்டு லிம்புக்கும் நடுவே ஓடுகிறதா என்று பின்னாலிருந்து ஒரு கண்ணால் பாருங்கள்.

நாணுக்கும் கைப்பிடியின் ஆழமான இடத்துக்கும் உள்ள தூரம் 62 அங்குல வில்லில் ஏழரை முதல் எட்டேகால் அங்குலம் இருக்கட்டும். புது டாக்ரான் (பாலியஸ்டர் இழை) நாண் முதல் நாளில் நீளும், இந்தத் தூரம் குறையும். நாண் மணிக்கட்டில் அடிக்கத் தொடங்கினாலோ வில் சத்தம் மாறினாலோ முதலில் அளக்க வேண்டியது இதைத்தான். நாணை இறக்கி, நான்கைந்து முறுக்கு ஏற்றி மறுபடி மாட்டினால் தூரம் கூடும். நாணில் அம்பு கோக்கும் இடம், ஷெல்ஃபிலிருந்து நாணுக்குச் செங்குத்தாக வரும் கோட்டுக்கு அரை அங்குலம் மேலே.

தோப்பு என்றீர்கள். இந்த வில்லில் வானத்தைப் பார்த்து விட்ட அம்பு நூறு மீட்டர் தாண்டியும் போகும். இலக்குக்குப் பின்னால் மண்மேடு அல்லது சுவர் வேண்டும், வரப்பு வழியாக யாரும் வரக்கூடாது. தென்னை மரத்தில் பட்ட கார்பன் அம்பை அப்படியே கோத்து எய்யாதீர்கள். இரு முனையையும் பிடித்துக் காதருகே வைத்து லேசாக வளைத்துச் சுற்றுங்கள். சின்னதாக நெறு நெறு என்று கேட்டாலும் உடைத்துப் போட்டுவிடுங்கள். எய்யும்போது பிளந்தால் அந்தச் சிம்புகள் முன்கையில் இறங்கும். வெயில் காலத்தில் பூட்டிய காருக்குள் வில்லை வைக்கவே கூடாது, லிம்ப் அடுக்குகளை ஒட்டிய பசை விட்டுவிடும்.

தென்னந்தோப்பு:

மூவருக்கும் மிக்க நன்றி. கடிகாரச் சோதனையில் எட்டு முறையும் இடது கண்தான். ஆகவே 62 அங்குலம், 25 பவுண்டு, இடது கை வில் என்று முடிவு செய்துவிட்டேன். இரண்டு சந்தேகம். 30க்கு எப்போது போகலாம்? வில் 62 என்பதால் மாற்று நாணும் 62 அங்குலத்தில் ஒன்று எடுத்துவைக்கலாமா?

நாணேற்றி:

ஒரே நாளில் நூறு அம்பு எய்து, கடைசிப் பத்தும் முதல் பத்தைப் போலவே நாண் வாயோரத்தில் நின்று போகிறதா என்று யாரையாவது பக்கவாட்டில் வீடியோ எடுக்கச் சொல்லிப் பாருங்கள். மூன்று வாரம் தொடர்ந்து அப்படி இருந்தால் போகலாம். ஒரு தடவைக்கு 5 பவுண்டுக்கு மேல் ஏற வேண்டாம்.

நாண் விஷயத்தில் கவனம். 62 அங்குல ரிகர்வ்வுக்கு நாணின் உண்மை நீளம் 58 அங்குலம், நான்கு குறைவு. சில கடைகள் வில்லின் நீளத்தைப் போட்டு விற்கும், சில கடைகள் நாணின் நீளத்தைப் போட்டு விற்கும். "62 அங்குல வில்லுக்கு, டாக்ரான், 12 இழை" என்று முழுதாக எழுதி ஆர்டர் கொடுங்கள். வந்ததும் வில்லோடு வந்த நாணின் பக்கத்தில் தொங்கவிட்டு நீளத்தை ஒப்பிட்டுப் பார்த்துவிடுங்கள்.