வீடியோ நேர்காணல்: எதிர்முனையில் உங்கள் குரல் எப்படிக் கேட்டது? அனுபவங்களைப் பகிருங்கள்

சென்னை, பெருங்குடி

மென்பொருள் நிறுவனம் ஒன்றில் ஆள் எடுக்கும் குழுவில் இருக்கிறேன். கொரோனா காலத்தில் வந்த வீடியோ நேர்காணல், அலுவலகங்கள் திறந்த பிறகும் எங்களிடம் முதல் சுற்றுக்கு நிலைத்துவிட்டது. கேள்வி கேட்கும் பக்கம் உட்கார்ந்திருப்பவருக்கு என்ன கேட்கிறது, என்ன தெரிகிறது என்று சொன்னால் வேலை தேடுகிற தம்பி தங்கைகளுக்கு உதவும். அதனால்தான் எழுதுகிறேன். நீங்களும் உங்களுக்கு நடந்ததைச் சொல்லுங்கள்.

சமீபத்தில் டேட்டாபேஸ் வேலைக்கு ஒரு பையன் வந்தான். நல்ல சட்டை, சுத்தமான சுவர், நேரத்துக்கு முன்பே இணைப்பில் காத்திருந்தான். பேச ஆரம்பித்ததும் குடத்துக்குள் வாயை வைத்துப் பேசுவது போலக் கேட்டது. இரண்டு கேள்விகளுக்குள் என் பக்கத்தில் இருந்தவர் தொடர்புத் திறனுக்கு மதிப்பெண்ணைக் குறைத்துப் போட்டுவிட்டார். அந்தப் பையன் சொன்ன விடை சரியானது. அதைப் புரிந்துகொள்ள நாங்கள் காதைத் தீட்டிக்கொண்டு கேட்க வேண்டியிருந்தது, அவ்வளவுதான். “தம்பி, காதில் இருக்கிற ப்ளூடூத்தைக் கழற்றிவிட்டு லேப்டாப் மைக்கிலேயே பேசுங்க” என்றேன். குரல் மாறியது. பக்கத்தில் இருந்தவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். அடுத்த சுற்றுக்கு அவனை அனுப்பினோம்.

எல்லாக் குழுவிலும் இப்படி ஒருவர் நிறுத்திச் சொல்வார் என்று எதிர்பார்க்க முடியாது. பெரும்பாலும் யாரும் எதுவும் சொல்ல மாட்டார்கள். மதிப்பெண் மட்டும் குறையும்.

இது என் ஊகம் மட்டுமல்ல. அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழக உளவியல் ஆய்வாளர்கள் 2025இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். ஒரே பேச்சைத் தெளிவான ஒலியிலும், மலிவான மைக்கில் வருவது போன்ற தகர ஒலியிலும் வெவ்வேறு ஆட்களுக்குப் போட்டுக் காட்டினார்கள். சொற்கள் இரண்டிலும் முழுமையாகப் புரிந்தன. அப்படியிருந்தும் தகர ஒலியில் கேட்டவர்கள், பேசியவரை வேலைக்கு எடுக்கத் தகுதி குறைந்தவர், அறிவு குறைந்தவர், நம்பகம் குறைந்தவர் என்று மதிப்பிட்டார்கள். படித்ததும் எனக்கு மனசு கனத்துப்போனது. பேசுகிறவருக்குத் தன் குரல் அங்கே எப்படிப் போய்ச் சேர்கிறது என்று தெரியவே தெரியாது. முகத்தையாவது திரையின் ஓரத்தில் பார்த்துக்கொள்ளலாம்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். ஆள்மாறாட்டம் பெருகிவிட்டதால் நாங்கள் உதட்டையும் குரலையும் சேர்த்துத்தான் கவனிக்கிறோம். குரல் பின்தங்கி வந்தால், வேறு யாரோ பேச இவர் வாயை அசைக்கிறாரோ என்று சந்தேகம் வரும். நேர்மையாகப் பேசுகிற பிள்ளைக்கு ஒரு கருவியால் அந்தச் சந்தேகம் வரக் கூடாது.

கோயம்புத்தூர்

பெருங்குடி அண்ணன் சொன்ன ‘குடத்துக்குள் குரல்’ எப்படி வருகிறது என்று நான் சொல்கிறேன். ஒலிப்பதிவுக் கூடத்தில் வேலை. விளம்பரம், குறும்படம், டப்பிங் எல்லாம் செய்கிறோம். வேலை தேடுகிற பிள்ளைகள் பலர் என்ன மைக் வாங்கலாம் என்று கேட்டு வருவார்கள்.

ப்ளூடூத் ஹெட்செட்டில் இரண்டு தடங்கள் உண்டு. பாட்டு கேட்கும்போது ஏ2டிபி என்ற தடம். அதில் ஒலி ஒரு பக்கமாகத்தான் போகும், தரமாக இருக்கும். மைக்கைத் திறந்த அடுத்த நொடியே ஹெட்செட் ஹெச்எஃப்பி என்ற தடத்துக்கு மாறிவிடும். அது போன் பேசுவதற்காக வந்தது. குரலை ஒவ்வொரு முறை அளந்து அனுப்புவதையும் ஒரு மாதிரி என்போம். இந்தத் தடத்தில் குரல் பெரும்பாலும் நொடிக்கு 8,000 மாதிரிகளாகவோ 16,000 மாதிரிகளாகவோதான் போகும். சிடியில் அது 44,100. மாதிரி 8,000 என்றால் 4,000 ஹெர்ட்ஸுக்கு மேல் உள்ள ஒலி, அதாவது மிகக் கீச்சான ஒலி எதுவும் அந்தப் பக்கம் போகாது. ‘ஸ’, ‘ஃப’ போன்ற எழுத்துகளுக்கு உயிர் அந்த மேல் பகுதியில்தான் இருக்கிறது. ஆங்கிலத்தில் ‘சிக்ஸ்’ என்று சொன்னால் ‘ஃபிக்ஸ்’ என்று கேட்பது இதனால்தான். காதில் பாட்டு அருமையாகக் கேட்கிறது, எனவே மைக்கும் அருமையாக இருக்கும் என்று நம்பிவிடுகிறார்கள். ப்ளூடூத்திலேயே எல்இ ஆடியோ என்ற புது முறையில் இந்தக் குறை வெகுவாகக் குறைந்திருக்கிறது. ஆனால் லேப்டாப், ஹெட்செட் இரண்டிலும் அது இருக்க வேண்டும்.

ப்ளூடூத்தை விட மனசில்லையென்றால் காதுக்கு அதை வைத்துக்கொண்டு, செட்டிங்கில் மைக்குக்கு லேப்டாப் மைக்கைத் தேர்ந்தெடுங்கள். அதுவே பாதி வேலை.

அடுத்தது தூரம். மைக்குக்கும் வாய்க்கும் உள்ள தூரம் இரட்டிப்பானால் குரல் 6 டெசிபெல் இறங்கும். அறையின் இரைச்சல் இறங்காது. அதனால் இரண்டடி தள்ளி மேசையில் நிற்கும் பத்தாயிரம் ரூபாய் மைக்கைவிட, வாயோரம் நிற்கும் சாதாரண வயர் ஹெட்செட் நன்றாகப் பேசும். யூடியூபில் பார்த்துவிட்டு கண்டன்சர் மைக் கேட்பவர்களிடம் நான் வேண்டாம் என்றுதான் சொல்வேன். அது நுட்பமான காது உள்ள கருவி. எங்கள் கூடத்தில் சுவர் முழுக்கப் பஞ்சுப் பலகை இருப்பதால் அங்கே அதற்கு வேலை இருக்கிறது. டைல்ஸ் தரையும் வெறும் சுவரும் உள்ள வீட்டில் குக்கர் விசில், ஃபேன், தெருவில் போகிற காய்கறி வண்டியின் ஸ்பீக்கர் எல்லாவற்றையும் அள்ளிக்கொண்டு வரும்.

ஹெட்செட் மைக்கை வாய்க்கு நேராக வைக்காதீர்கள், மூச்சு மோதும். உதட்டின் ஓரத்துக்குக் கொஞ்சம் கீழே, இரண்டு விரல் தள்ளி வையுங்கள்.

மதுரை

கல்லூரியில் வேலைவாய்ப்புப் பிரிவைப் பார்த்துக்கொள்கிறேன். எங்கள் பிள்ளைகள் பலரின் வீட்டில் தனி அறை கிடையாது. ஹெட்செட் வாங்கு என்று சொல்வது எளிது. அமைதியான ஓர் இடத்தைப் பிடிப்பதுதான் அவர்களுக்குப் பெரும்பாடு.

ஒரு மாணவி, அப்பா ஆட்டோ ஓட்டுகிறார், ஒரே அறை வீடு. நேர்காணல் காலை பதினொன்றுக்கு. கல்லூரியில் செமினார் ஹாலைத் திறந்து கொடுத்தோம். பெரிய ஹால், ஏசி, அழகான பின்னணி. சோதனைக்குப் பேசிப் பதிவு செய்து கேட்டால் ஒவ்வொரு சொல்லும் இரண்டு முறை கேட்டது, அவ்வளவு எதிரொலி. கடைசியில் நூலகத்தில் பழைய இதழ்கள் அடுக்கி வைத்திருக்கும் சின்ன அறைக்குக் கூட்டிப் போனோம். மூன்று பக்கமும் காகிதம், ஒலியைத் தின்றுவிட்டது. அங்கே போனோடு வந்த வயர் இயர்போனில் பேசினாள். குரல் அப்படித் தெளிவாக இருந்தது. வேலையும் கிடைத்தது.

அதிலிருந்து பிள்ளைகளிடம் சொல்கிறேன்: வீட்டில் மெத்தை, போர்வை, துணி அடுக்கிய அலமாரி இருக்கிற அறைதான் பேச ஏற்றது. கேமராவில் தெரியாத பக்கம் கொடியில் துணி தொங்கினாலும் நல்லதே. ஃபேனை நிறுத்தினால் வியர்க்கும் என்று பயப்படுவார்கள். முன்கூட்டியே அறையைக் குளிரவிட்டு, பேசும் நேரத்துக்கு மட்டும் நிறுத்தினால் தாங்கலாம். முடியாதென்றால் சத்தமும் காற்றும் மைக்கில் நேராகப் படாதபடி உட்காருங்கள்.

சட்டையில் குத்திக்கொள்ளும் காலர் மைக் பற்றி ஒரு எச்சரிக்கை. லேப்டாப்பில் இப்போது பெரும்பாலும் ஒரே ஓட்டைதான், ஹெட்போனுக்கும் மைக்குக்கும் சேர்த்து. அதற்கு மூன்று கறுப்பு வளையம் உள்ள பின் வேண்டும். கேமராவுக்கென்று வரும், இரண்டு வளையம் உள்ள காலர் மைக்கைச் செருகினால் லேப்டாப் அதை ஹெட்போன் என்று நினைத்துக்கொள்ளும். திரையில் மைக் வேலை செய்வது போலவே காட்டும், உண்மையில் குரலை வாங்குவது லேப்டாப்பின் சொந்த மைக். மைக்கை விரலால் மெல்லத் தட்டிப் பாருங்கள். திரையில் ஒலிக்கோடு துள்ளவில்லையென்றால் அது இணைப்பிலேயே இல்லை.

நாகர்கோவில்

நான் நர்ஸ். எங்கள் பக்கத்தில் வீட்டுக்கு ஒருவராவது வெளிநாட்டு மருத்துவமனைக்கு முயற்சி செய்வோம். எனக்கு இங்கிலாந்தில் உள்ள ஒரு மருத்துவமனைக்கு நேர்காணல், டீம்ஸ் என்ற வீடியோ அழைப்புச் செயலியில். மூன்று பேர் கேட்டார்கள்.

எல்லாரும் குரல் அங்கே போவதைப் பற்றி எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அவர்கள் குரல் இங்கே வருவதும் அதே அளவு முக்கியமாக இருந்தது. அந்த ஊர்க்காரர்கள் பேசும் இங்கிலீஷ் வேகம், பழகாத உச்சரிப்பு. மருந்து அளவைப் பற்றிய கேள்வியில் ஒரு சொல்லைத் தவறவிட்டாலும் விடை மாறிவிடும். காதை முழுக்க மூடுகிற யூஎஸ்பி ஹெட்செட் வாங்கினேன். ஒவ்வொரு எழுத்தும் காதில் விழுந்தது. டீம்ஸில் பேச்சை எழுத்தாகக் காட்டும் வசதி இருக்கிறது, அது நம் திரையில் மட்டும் தெரியும். அதையும் போட்டுக்கொண்டேன். தலைமுடி ஹெட்செட்டில் அழுந்தித் தெரியுமே, பார்க்க நன்றாக இருக்காதே என்று அக்கா சொன்னாள். மூன்று பேரில் இரண்டு பேர் அதே மாதிரி ஹெட்செட்தான் போட்டிருந்தார்கள்.

உடுப்பு: நான் வெளிர்நீலக் குர்தா, துப்பட்டாவைப் பின் குத்தி நிறுத்தினேன். நெருக்கமான கோடு, சின்னக் கட்டம் போட்ட துணி கேமராவில் நெளியும், அதனால் ஒரே நிறம். கண்ணாடி வளையல் மேசையில் பட்டால் மைக்கில் பெரிதாகக் கேட்கும், கழற்றிவிட்டேன். என்னோடு படித்த ஒருத்தி பட்டுச் சேலையில் காலர் மைக் குத்திப் பேசினாள். ஒவ்வொரு அசைவுக்கும் ஜரிகை உரசி மைக்கில் சரசரவென்று கேட்டது. காலர் மைக் என்றால் பருத்தித் துணி, முகவாய்க்கு ஒரு சாண் கீழே, மேலே சங்கிலி ஆடாதபடி குத்த வேண்டும்.

வெளிச்சத்துக்கு ரிங் லைட் வாங்கவில்லை. ஜன்னலைப் பார்த்து உட்கார்ந்தேன், போதும். மூக்குக் கண்ணாடி போடுகிறவர்களுக்கு ரிங் லைட் கண்ணிலேயே வளையமாகத் தெரியும். லேப்டாப்பைப் புத்தகங்கள் மேல் தூக்கி, கேமரா கண் மட்டத்துக்கு வரும்படி வைத்தேன்.

நேரம் பார்ப்பதில் கவனம். அங்கே மார்ச் கடைசி ஞாயிறிலும் அக்டோபர் கடைசி ஞாயிறிலும் கடிகாரத்தை மாற்றுவார்கள். கோடையில் நமக்கும் அவர்களுக்கும் நாலரை மணி நேர வித்தியாசம், குளிர்காலத்தில் ஐந்தரை.

தஞ்சாவூர்

சுருக்கமாக ஒன்று. நடுவில் கரண்ட் போனது. லேப்டாப்பில் சார்ஜ் இருந்தது, ரவுட்டர் அணைந்துவிட்டது. போன் ஹாட்ஸ்பாட்டை முன்பே லேப்டாப்பில் ஒருமுறை இணைத்து வைத்திருந்ததால் ஒரு நிமிடத்துக்குள் திரும்ப வந்துவிட்டேன். ரவுட்டருக்கென்றே சின்ன யூபிஎஸ் விற்கிறது, 12 வோல்ட். இன்வெர்ட்டர் இல்லாத வீட்டுக்கு அது நல்ல முதலீடு.

இன்னொன்று, டியூப்லைட் வெளிச்சத்தில் படத்தில் கோடு கோடாக ஓடினால் கேமரா செட்டிங்கில் 60 ஹெர்ட்ஸ் என்று இருப்பதை 50 ஆக்குங்கள். நம்மூர் மின்சாரம் 50.

ஈரோடு

எல்லாருக்கும் நன்றி. எனக்கு அடுத்த வாரம் நேர்காணல். வயர் இயர்போன் இருக்கிறது, ஆனால் பேசினால் பின்னால் ‘ஊம்’ என்று ஒரு சத்தம் வருகிறது. புது மைக் வாங்கவா? போயா காலர் மைக் நன்றாக இருக்கும் என்கிறார்கள்.

கோயம்புத்தூர்

தம்பி, இப்போதைக்கு வாங்காதீர்கள். லேப்டாப் சார்ஜரைப் பிடுங்கிவிட்டுப் பேசிப் பதிவு செய்யுங்கள். ‘ஊம்’ போய்விட்டால் மைக்கில் குறை இல்லை, மின்சாரத்திலிருந்து வருகிற சத்தம் அது. பிளக்கில் எர்த் சரியில்லாத வீடுகளில் அடிக்கடி வரும். முழு சார்ஜ் ஏற்றிக்கொண்டு, பிடுங்கிவிட்டு நேர்காணலுக்கு உட்காருங்கள்.

சார்ஜர் இல்லாமலும் சத்தம் இருந்தால் யூஎஸ்பி ஹெட்செட் பாருங்கள். அதற்குள்ளேயே சவுண்ட் கார்டு இருப்பதால் லேப்டாப் ஓட்டையின் தொல்லை இல்லை. போயா எம்1 மாதிரி காலர் மைக்கும் நல்ல மைக்தான். ஆனால் அது எல்லாப் பக்கத்திலிருந்தும் ஒலியை வாங்கும், உங்கள் அறை அமைதியாக இருந்தால் மட்டும் வாங்குங்கள். அதில் சின்னதாக ஒரு சுவிட்ச் இருக்கும், போனுக்கு ஒரு பக்கம், கேமராவுக்கு ஒரு பக்கம். ஒரே ஓட்டை உள்ள லேப்டாப்புக்குப் போன் பக்கம் வையுங்கள்.

இரைச்சலைக் குறைக்கும் வசதி ஹெட்செட்டிலும் ஜூமிலும் இரண்டிலுமே இருந்தால் ஒன்றை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். இரண்டும் சேர்ந்தால் வாக்கியத்தின் கடைசிச் சொல்லை விழுங்கிவிடலாம்.

சென்னை, பெருங்குடி

ஈரோடு தம்பி, ஜூமில் சோதனைக் கூட்டம் இருக்கிறது, டீம்ஸில் சோதனை அழைப்பு இருக்கிறது, உங்கள் குரலை உங்களுக்கே திருப்பிப் போட்டுக் காட்டும். நேர்காணல் எந்தச் செயலியிலோ அதிலேயே, அதே அறையில், அதே நேரத்தில் செய்யுங்கள். காலை பதினொன்றுக்கு உங்கள் தெருவில் என்ன சத்தம் இருக்கும் என்பது ராத்திரி சோதித்தால் தெரியாது. பிறகு நண்பர் ஒருவரை அழைத்து ஆங்கிலத்தில் ஐந்து நிமிடம் பேசி, எந்தெந்தச் சொல் அவருக்குப் புரியவில்லை என்று கேளுங்கள். ‘நல்லா இருக்குடா’ என்று சொல்லிவிடுகிற நண்பர் வேண்டாம். ஆள் கிடைக்கவில்லையென்றால் எனக்கு எழுதுங்கள், சனிக்கிழமை சாயங்காலம் நான் கேட்கிறேன்.