இடுப்பு மூட்டு மாத்தின ஆக்கள் இருந்தா சொல்லுங்கோ

வணக்கம், திருகோணமலைப் பக்கம் இடுப்பு மூட்டு மாத்தின ஆக்கள் ஆரும் இருந்தா கொஞ்சம் உதவி செய்யுங்கோ. அம்மாக்கு வலது பக்கம் ஒப்பரேசன் முடிஞ்சு நோ நல்லாக் குறைஞ்சிட்டுது, வோக்கரையும் விட்டுட்டா, இப்ப பொல்லை இடக்கையில பிடிச்சு நடக்கிறா, ஆனா வலக்காலை ஊண்டேக்க உடம்பு அந்தப் பக்கம் சரியுது. இடுப்புப் பக்கத்துத் தசை இன்னும் பலமில்லையாம், பிசியோ சொன்னவர். ஒருக்களிச்சுப் படுத்துக் காலைத் தூக்கிற பயிற்சி விடாமச் செய்யிறா, 90 பாகைக்கு மேல குனியிறேல்ல, கால் மேல கால் போடுறேல்ல, எல்லாம் கவனம்தான். கோணேசர் கோயில் ஏத்தம் தானா ஏறோணும் எண்டு அவவுக்குச் சரியான ஆசை.

உங்களுக்கு இந்தச் சரிவு எப்ப போனது, எந்தப் பயிற்சி உதவினது? டச்பே மணல்ல நடக்கலாமோ, சமதரைதான் நல்லதோ? உப்புவெளிப் பக்கம் வீட்டுக்கு வாற பிசியோ தெரிஞ்சாலும் சொல்லுங்கோ.