பலாலியிலிருந்து திருச்சி: 184 கிலோமீட்டருக்கு ஒரு மணித்தியாலமா?

கோப்பாய் மகள்:
வணக்கம். 76 வயதான என் அம்மாவைத் திருச்சி உறையூரில் இருக்கும் சின்னம்மாவிடம் அழைத்துப்போக வேண்டும். முழங்கால் வலி, முக்கால் மணித்தியாலத்துக்கு மேல் காலை மடக்கி இருக்க அவரால் முடியாது. வரைபடத்தில் அளந்தேன், யாழ்ப்பாணத்துப் பலாலி, திருச்சி ஆகிய இரண்டு விமான நிலையங்களுக்கும் இடையே நேர்கோட்டில் ஏறத்தாழ 184 கி.மீ. பயணச்சீட்டில் ஒரு மணித்தியாலம் என்று இருக்கிறது. மணிக்கு 500 கி.மீ. போகும் விமானத்துக்கு 25 நிமிடம் போதாதா? சுற்றிப் போகிறார்களா?

2017இல் கொழும்புக்குப் பக்கத்தில் உள்ள கட்டுநாயக்கா விமான நிலையம் வழியாகப் போனோம். விடிய விடிய பஸ்ஸில் தெற்கே போய், அங்கிருந்து 400 கி.மீ.க்கு மேல் மறுபடி வடக்கே பறந்தோம். பக்கத்து வளவுக்குப் போக ஊரையே சுற்றிய கதை. அம்மாவின் கால் வீங்கி, சின்னம்மா வீட்டில் முதல் மூன்று நாளும் படுத்தே கிடந்தார். அதனால்தான் நிமிடக் கணக்குப் பார்க்கிறேன்.

காவிரிக்கரையான்:
அக்கா, சுற்றிப் போகவில்லை. சீட்டில் போடும் நேரம், விமானம் நின்ற இடத்தை விட்டு நகர்வதில் தொடங்கி, அடுத்த ஊரில் போய் நிற்கும்வரை உள்ள மொத்த நேரம். ஓடுபாதைக்கு ஊர்ந்து போவதும் அதில் அடக்கம். தாமதத்துக்கென்று சில நிமிடங்களும் சேர்த்திருப்பார்கள். இந்த வழியில் வருவது ஏ.டி.ஆர். 72 என்னும் சுழல்விசிறி விமானம். ஏறும்போதும் இறங்கும்போதும் அது 500 கி.மீ. வேகத்தில் போகாது. 184 கிலோமீட்டரில் பாதிக்கு மேல் ஏற்றமும் இறக்கமுமே. காற்றைப் பார்த்து ஓடுபாதையின் மறுமுனையில் இறங்கச் சொன்னால் இன்னும் ஒரு வளைவு கூடும்.

2025 மார்ச் 30இல் இந்தச் சேவை தொடங்கிய பிறகு இரண்டு முறை போய்வந்தேன். சக்கரம் தரையை விட்டதிலிருந்து தொடும்வரை ஒருமுறை 38 நிமிடம், மறுமுறை 41. இரு நாட்டிலும் ஒரே நேரம்தான். கடிகாரத்தைத் தொட வேண்டாம்.

சுன்னாகத்தான்:
தங்கச்சி, அம்மா கூடுதலாகக் கஷ்டப்படப்போவது குடிவரவு வரிசையில். பயணச்சீட்டு எடுக்கும்போதே சக்கர நாற்காலி வேண்டும் என்று பதிந்துவிடுங்கள். ஏ.டி.ஆரில் ஏறும் வாசல் பின்பக்கம் இருக்கிறது. கதவோடு சேர்ந்த சில படிகள்தான், அவற்றை மெதுவாக ஏறிவிடலாம். கடைசி வரிசைகளில் நடைபாதையோர இருக்கை கேளுங்கள், உள்ளே நடக்கும் தூரம் குறையும். காங்கேசன்துறைக் கப்பலை நினைக்கவே வேண்டாம். நாகப்பட்டினத்துக்கே ஏறத்தாழ நான்கு மணித்தியாலம், அதற்குப் பிறகு தரைவழி வேறு.

கோப்பாய் மகள்:
இருவருக்கும் மிக்க நன்றி. 38 நிமிடம் என்றதும் அம்மாவின் முகம் தெளிந்துவிட்டது. நேர்கோடு அதிராம்பட்டினம் பக்கம் கரையேறுகிறது என்று வரைபடத்தில் காட்டினேன். இப்போது நடைபாதையோரம் வேண்டாமாம், கரை தெரியும் ஜன்னலோரம்தான் வேண்டுமாம். ஒரு பக்கத்தில் இரண்டே இருக்கைகள் என்பதால் நான் அருகில் இருந்து, அவர் காலை என் பக்கம் நீட்ட இடம் விடுகிறேன்.