ஒன்ராறியோவில் ஆன்லைன் கசினோ: வென்ற காசை எடுக்க இன்னும் காசு கேக்கினம், போடலாமா?

வண்ணத்தி27

இருப்பது மிசிசாகா. ஒரு கசினோ தளத்தில 150 டொலர் போட்டு இப்ப கணக்கில 640 நிக்குது. எடுக்கக் குடுத்து ஆறு நாள், இன்னும் "பெண்டிங்". இப்ப சாட்டில வந்து, கணக்கை உறுதிப்படுத்த 100 டொலர் வைப்புச் செய்யச் சொல்லினம், எல்லாம் சேர்த்து 740 ஆ வருமாம்.

தளத்தின்ர விபரம்:
- முகவரி டொட் சிஏ எண்டு முடியுது.
- அடியில மேப்பிள் இலை, "கனடாவில் உரிமம் பெற்றது" எண்ட வாசகம், பக்கத்தில குராசோ முத்திரை.
- காசு போட்டது இன்ரெராக் ஈ-ட்ரான்ஸ்ஃபரில (வங்கியில இருந்து மின்னஞ்சல் முகவரிக்குக் காசு அனுப்புற முறை), அவை தந்த ஒரு ஜிமெயிலுக்கு.
- ட்ரைவர் லைசன்ஸ் முன்பக்கம் பின்பக்கம் ரெண்டும் அனுப்பியாச்சு.

அந்த 100 ஐப் போடலாமா? இனி விளையாடுறதெண்டா எதைப் பாத்துத் தளத்தைத் தெரிவு செய்யிறது?

கணக்குப்பிள்ளை

போட வேண்டாம். ஒரு சதமும் போட வேண்டாம்.

ஒழுங்கான தளம் ஏதாவது கட்டணம் எடுப்பதென்றால் உங்கள் மீதியில் கழிக்கும், வெளியிலிருந்து புதுக்காசு கேட்காது. "உறுதிப்படுத்த வைப்பு", "விடுவிப்புக் கட்டணம்", "முதலில் வரி" மூன்றும் ஒரே தூண்டில்தான். வரி என்று கேட்டால் சந்தேகமே வேண்டாம்: கனடாவில் பொழுதுபோக்காக விளையாடி வென்ற காசுக்கு வருமானவரி கிடையாது. அதைத் தொழிலாகவே செய்கிறவர்களின் கதை வேறு. வென்றதை வங்கியில் போட்டு வரும் வட்டிக்குத்தான் வரி.

ஜிமெயில் விஷயம் அதைவிட மோசம். உரிமம் உள்ள தளத்தில் இன்ரெராக்கைத் தெரிவு செய்தால் கட்டணச் செயலியின் பக்கம் திறக்கும், அல்லது உங்கள் வங்கிக்கே பணக் கோரிக்கை வரும். தனியாளின் மின்னஞ்சலுக்கு நீங்களாக அனுப்பும் வேலை அங்கே இல்லை. பெறுபவர் ஓட்டோடெப்பாசிட் (வரும் காசு தானாகவே கணக்கில் சேரும் வசதி) போட்டிருந்தால், அனுப்பும் முன் அவர் பதிந்த பெயர் உங்கள் திரையில் வந்திருக்கும். அது ஒரு தனியாளின் பெயரா? வங்கிச் செயலியில் பழைய பரிமாற்றத்தைத் திறந்து பாருங்கோ.

இன்றைக்கே செய்ய வேண்டியது, இந்த வரிசையில்:

1. வங்கிக்கு அழையுங்கோ. பெறுபவர் இன்னும் வைப்பில் இடாவிட்டால் ஈ-ட்ரான்ஸ்ஃபரை ரத்துச் செய்யலாம். ஓட்டோடெப்பாசிட்டில் போயிருந்தால் அனுப்பிய கையோடு போய்ச் சேர்ந்திருக்கும், ரத்து இல்லை. இருந்தாலும் மோசடி முறைப்பாடாகப் பதியச் சொல்லுங்கோ.
2. சாட், மீதித் தொகை, அந்த ஜிமெயில், தள முகவரி எல்லாவற்றையும் ஸ்க்ரீன்ஷாட் எடுங்கோ. முறைப்பாடு வைத்தது தெரிந்ததும் கணக்கை மூடிவிடுவார்கள், பிறகு உள்ளே போக முடியாது.
3. கனேடிய மோசடி தடுப்பு மையம், 1-888-495-8501. கோப்பு இலக்கத்தை எழுதி வையுங்கோ.
4. லைசன்ஸ் படம் அவர்கள் கைக்குப் போய்விட்டதால், கடன் வரலாற்றைப் பதிந்து வைக்கும் எக்குவிஃபாக்ஸ், ட்ரான்ஸ்யூனியன் நிறுவனங்கள் இரண்டிலும் மோசடி எச்சரிக்கை போடுங்கோ. ஒன்றில் போட்டால் மற்றதற்கும் போகும் என்று நினைத்து விடாதேங்கோ.
5. அந்தத் தளத்தில் வைத்த கடவுச்சொல்லை வேறு எங்கும் பாவித்திருந்தால் மாற்றுங்கோ, முதலில் மின்னஞ்சலில்.

640 என்பது திரையில் தெரியும் எண் மட்டும்தான். போனது 150. அதோடு நிற்கட்டும்.

நயாகராக்காற்று

இரண்டாவது கேள்விக்கு.

டொட் சிஏ முகவரி வாங்கக் கனடாவோடு ஒரு தொடர்பு காட்டினால் போதும், கசினோ உரிமம் தேவையில்லை. மேப்பிள் இலைப் படத்தை யாரும் ஒட்டலாம். குராசோ கரீபியன் தீவு. அங்கே தரும் உரிமத்துக்கு ஒன்ராறியோவில் எந்த மதிப்பும் இல்லை.

கனடாவின் குற்றவியல் சட்டம், பிரிவு 207, சூதாட்டத்தை நடத்தி நிர்வகிக்கும் உரிமையை மாகாணங்களிடம் கொடுத்திருக்கிறது. ஆகவே கனடா முழுவதற்குமான கசினோ உரிமம் என்று ஒன்றே இல்லை. "கனடா உரிமம்" என்று தளம் எழுதியிருந்தால் அந்த இடத்திலேயே மூடிவிடலாம்.

ஒன்ராறியோவில் தனியார் சந்தை 2022 ஏப்ரல் 4 அன்று திறந்தது. ஏஜிசிஓ (மாகாணத்தின் மது, சூதாட்டக் கட்டுப்பாட்டு ஆணையம்) தளங்களைப் பதிவுசெய்து விதிகளை அமல்படுத்தும். ஐகேமிங் ஒன்ராறியோ என்ற மாகாண அமைப்பு அவற்றோடு ஒப்பந்தம் போடும். பார்க்கும் முறை:

ஐகேமிங் ஒன்ராறியோ தளத்தின் முகவரியை நீங்களே தட்டிப் போங்கோ. கசினோ பக்கத்தில் இருக்கும் சின்னத்தை அமத்திப் போக வேண்டாம், அது போலிப் பக்கத்துக்குக் கொண்டுபோகலாம். அங்கே அனுமதி பெற்ற தளங்களின் பட்டியல் முகவரியோடு இருக்கிறது. உங்கள் உலாவியின் முகவரிப் பட்டையில் இருப்பதை எழுத்துக்கு எழுத்து ஒப்பிடுங்கோ. பெயர் ஒன்றாக இருந்தால் போதாது. ஒரே நிறுவனம் ஒன்ராறியோவுக்கு ஒரு தளமும் வெளியே இன்னொன்றும் நடத்துவதுண்டு. பட்டியலில் இருப்பது முதலாவது மட்டும்.

வேறு மாகாணங்களில் இருப்பவர்களும் இதை வாசிப்பார்கள் என்பதால்: பிரிட்டிஷ் கொலம்பியா, மானிற்றோபா, சஸ்காச்சுவான் மூன்றுக்கும் அரசுத் தளம் பிளேநவ். அல்பேர்ட்டாவுக்குப் பிளே அல்பேர்ட்டா. தனியார் தளங்களுக்கு வழிவிடும் சட்டம் அங்கே 2025இல் நிறைவேறியது. கியூபெக்கில் லோட்டோ-கெபெக்கின் தளம், அட்லாண்டிக் மாகாணங்களில் அட்லாண்டிக் லொத்தர். வயது அல்பேர்ட்டா, மானிற்றோபா, கியூபெக்கில் 18, மற்ற மாகாணங்களில் 19.

கணக்குப்பிள்ளை

ஒரு சேர்க்கை. ஓஎல்ஜி (ஒன்ராறியோ லொத்தர், சூதாட்ட நிறுவனம்) அந்தப் பட்டியலில் இல்லையே என்று பயப்பட வேண்டாம். அது மாகாண அரசின் சொந்த நிறுவனம், அந்தச் சந்தைக்கு வெளியே நிற்கிறது.

கானவாகே உரிமம் பற்றியும் சொல்ல வேண்டும், இதில்தான் ஆட்கள் அதிகம் குழம்புவது. கானவாகே மொன்றியலுக்குப் பக்கத்தில் உள்ள மோஹாக் மக்களின் நிலம். அவர்களின் ஆணையம் 1996இல் தொடங்கியது, ஆன்லைன் சூதாட்டத்துக்கு உரிமம் கொடுக்கிறது. இடம் கனடாவுக்குள்தான், ஆனால் அது ஒன்ராறியோவின் அனுமதி ஆகாது. கானவாகே, மால்ட்டா உரிமம் உள்ள தளங்கள் எல்லாம் கள்ளத் தளங்கள் என்று சொல்ல வரவில்லை. காசு சிக்கினால் ஏஜிசிஓவோ ஐகேமிங் ஒன்ராறியோவோ தலையிட முடியாது, அவ்வளவுதான் வித்தியாசம். அந்த வித்தியாசம் தெரிவது காசு எடுக்கும் நாளில்தான்.

வண்ணத்தி27

நன்றி. ஓட்டோடெப்பாசிட் திரையில வந்தது ஒரு ஆளின்ர பேர்தான். வங்கி ரத்துச் செய்யேலாது எண்டிட்டுது, முறைப்பாடு பதிஞ்சாச்சு. கோப்பு இலக்கமும் எடுத்தாச்சு.

பட்டியலில இருந்து ஒரு தளம் தெரிவு செய்து பதிய வெளிக்கிட்டா "அடையாளத்தை உறுதிப்படுத்த முடியவில்லை" எண்டு வருது. கனடா வந்து ஒண்டரை வருசம். லைசன்சில முழுப்பேர், வங்கியில சுருக்கின பேர். அதோட "200 வரை 100 வீதம் போனஸ்" எண்டு காட்டுது. எடுக்கலாமா?

பிராம்ப்டன்வாசி

ஐடி பிரச்சினை இங்க புதுசா வந்த நம்ம ஆட்களுக்கு அடிக்கடி வர்றதுதான். ரெண்டு காரணம் இருக்கு, தனித்தனியா பாருங்க.

முதல் காரணம் கிரெடிட் ஃபைல், அதாவது உங்க கடன் வரலாற்றுப் பதிவு. பதிவு பண்ணும்போது பெயர், பிறந்த தேதி, முகவரியை வச்சு பின்னணியில கிரெடிட் ஃபைலோட ஒப்பிடுவாங்க. ஃபின்ட்ராக் (கள்ளப் பணத்தைக் கண்காணிக்கிற கனடா அரசு அமைப்பு) விதிப்படி அந்த முறைக்கு, கனடாவில குறைந்தது 3 வருஷம் பழைய கிரெடிட் ஃபைல் வேணும். ஒன்றரை வருஷம்னா நீங்க எத்தனை தடவை தட்டினாலும் தோல்விதான். திரும்பத் திரும்ப முயற்சி பண்ணாதீங்க, கணக்கு பூட்டிக்கும். ஆவணம் பதிவேற்றும் வழியைத் தேர்ந்தெடுங்க: லைசன்ஸ் படம், கூடவே நேரடி செல்ஃபி. முகவரிக்கு 3 மாசத்துக்குள்ள வந்த பேங்க் ஸ்டேட்மென்டோ ஹைட்ரோ (கரண்ட்) பில்லோ கேட்கலாம். ஃபோட்டோ எடுக்கும்போது நாலு மூலையும் தெரியணும், ஃபிளாஷ் வேண்டாம். லைசன்ஸ் மேல வெளிச்சம் பட்டு ஒரு எண் மறைஞ்சாலும் திருப்பி அனுப்பிடுவாங்க.

ரெண்டாவது பெயர். லைசன்ஸ்ல குடும்பப் பெயர் முதல்ல, மற்ற பெயர்கள் அதுக்குப் பிறகு. நம்ம ஊர் வழக்கப்படி அப்பா பெயர் எங்க போய் உட்கார்ந்திருக்குன்னு பாருங்க. பலருக்குச் சொந்தப் பெயரே குடும்பப் பெயர் கட்டத்துல இருக்கும். உங்களுக்கு எது சரின்னு படுதோ அது முக்கியமில்லை, லைசன்ஸ் எந்தக் கட்டத்துல வச்சிருக்கோ அதே மாதிரி அடிங்க. இனிஷியல் வேண்டாம், சுருக்கம் வேண்டாம்.

பேங்க்ல பெயர் வேற மாதிரி இருந்தா டெபாசிட் போகலாம், வித்ட்ராவல் நிக்கும். கணக்குக்காரர் பெயரும் பேங்க் பெயரும் ஒண்ணா இருந்தாத்தான் பணம் வெளிய விடுவாங்க. முதல்ல கிளைக்கு ஐடி எடுத்துட்டுப் போய் பெயரை முழுசா மாத்துங்க, பிறகு டெபாசிட் பண்ணுங்க. மனைவி கணக்கு, தம்பி கார்டு எதுவும் வேண்டாம். ஏற்கனவே தப்பான பெயர்ல பதிஞ்சிருந்தா இன்னொரு கணக்கு திறக்காதீங்க. ரெண்டு கணக்கு விதிமீறல், ரெண்டையும் மூடிடுவாங்க. சப்போர்ட்ல கேட்டு திருத்துங்க.

இன்னொண்ணு, கிரெடிட் கார்டுல போடாதீங்க. நிறைய கார்டுகள் இதைக் கேஷ் அட்வான்ஸா (கார்டுல ரொக்கம் எடுத்த மாதிரி) எடுத்துக்கும், வட்டி அன்னைக்கே ஓட ஆரம்பிக்கும்.

நயாகராக்காற்று

போனஸுக்குக் கணக்குப் போடுவோம். 200 போட்டால் 200 போனஸ், காசு எடுக்கும் முன் 35 மடங்குக்குப் பந்தயம் வைக்க வேண்டும் என்பது நிபந்தனை என்று வைப்போம்.

போனஸுக்கு மட்டும் 35 மடங்கு என்றால் 7,000 டொலருக்குப் பந்தயம் வைக்க வேண்டும். 96 வீத ஆர்டிபி (வைக்கும் பந்தயத்தில் சராசரியாகத் திரும்பி வரும் பங்கு) உள்ள ஸ்லாட்டில் (சுழல் விளையாட்டில்) 7,000க்குச் சராசரி இழப்பு 280. கிடைத்த போனஸ் 200. வைப்பும் போனஸும் சேர்த்து 35 மடங்கு என்றால் 14,000, இழப்பு 560. இந்த இரண்டில் எது என்பது விதிப் பக்கத்தில் ஒரு சொல்லில்தான் தெரியும், அதைத் தேடுங்கோ. பிளாக்ஜாக்கில் வைக்கும் பந்தயத்தில் 10 வீதம்தான் கணக்கில் சேரும் என்று இருந்தால் 7,000 என்பது 70,000 ஆகும்.

அடுத்த பொறி, உச்சப் பந்தயம். போனஸ் ஓடும்போது ஒரு சுற்றுக்கு 5 டொலருக்கு மேல் கூடாது என்று இருக்கும். ஒரே ஒரு தடவை 6 வைத்தாலும் வென்றதெல்லாம் போனதுதான். காசு எடுக்கப் போகையில் ஆட்கள் சண்டை பிடிப்பது பல தடவை இதற்குத்தான், அதில் தளத்தின் பக்கம் சரி.

என் கருத்து: முதல் தடவை போனஸ் எடுக்காமல் 20 டொலர் போடுங்கோ, கொஞ்சம் விளையாடிவிட்டு மிச்சத்தை எடுத்துப் பாருங்கோ. எத்தனை நாள் எடுக்கிறது, என்ன ஆவணம் கேட்கிறார்கள் என்பது 20 டொலரிலேயே தெரிந்துவிடும்.

ஆர்டிபியையும் பாருங்கோ. ஒரே ஸ்லாட்டைத் தயாரிப்பாளர் 96, 94, 92 என்று பல அமைப்பில் விற்பார், எதை எடுப்பது தளத்தின் விருப்பம். விளையாட்டுக்குள் இருக்கும் தகவல் பக்கத்தில் கடைசியில் எழுதியிருக்கும். சுற்றுக்கு 1 டொலர், மணிக்கு 600 சுற்று என்றால் 96இல் மணிக்கு 24 டொலர் போகும், 92இல் 48. ரூலெட்டில் ஒரு பூச்சியம் உள்ளதை எடுத்தால் தளத்தின் பங்கு 2.70 வீதம், இரண்டு பூச்சியம் என்றால் 5.26.

போலியைப் பிடிக்க இன்னொரு சின்ன வழி: ஒன்ராறியோ விதிப்படி ஸ்லாட்டில் ஓட்டோபிளே (தானாகவே தொடர்ந்து சுற்றும் வசதி) கிடையாது, ஒரு சுழற்சிக்குக் குறைந்தது 2.5 வினாடி. ஓட்டோபிளே பொத்தான் இருந்தால் அது ஒன்ராறியோத் தளம் இல்லை.

ரிடோகரை

ஒட்டாவா பக்கம் இருப்பவர்களுக்கு: கற்றினோவுக்குப் பாலம் தாண்டினால் அது கியூபெக், ஒன்ராறியோத் தளம் வேலை செய்யாது. ஆற்றங்கரையில் இருந்தாலும் இடம் தவறிக் காட்டும். கணினியைக் கேபிளில் இணைத்திருந்தாலும் வைஃபையை இயக்கி விடுங்கோ, இடத்தைக் கண்டுபிடிப்பது சுற்றிலும் உள்ள வைஃபை சிக்னல்களை வைத்துத்தான். விபிஎன், ரிமோட் டெஸ்க்டொப் செயலி இரண்டையும் முழுதாக மூடுங்கோ. பின்னணியில் ஓடினாலே தடுத்துவிடும்.

கணக்குப்பிள்ளை

பதியும்போது வைப்பு எல்லை, இழப்பு எல்லை கேட்கும். பலர் தாண்டிப் போவார்கள், நீங்கள் நிரப்புங்கோ. எல்லையைத் தளர்த்தக் கேட்டால் குறைந்தது 24 மணித்தியாலம் கழித்துத்தான் நடைமுறைக்கு வரும். இரவு 2 மணிக்கு வரும் யோசனைக்கு அது நல்ல பூட்டு. காசு எடுக்கக் குடுத்த பிறகு "ரத்துச் செய்து விளையாடு" என்ற பொத்தான் தெரிந்தால் தொடாதேங்கோ. கை மீறுகிறது என்று பட்டால் கொனெக்ஸ்ஒன்ராறியோ உதவித் தொலைபேசி, 1-866-531-2600, இலவசம்.

பட்டியலில் உள்ள தளத்தோடு பிணக்கு வந்தால் முதலில் தளத்திடம் எழுத்தில் முறையிடுங்கோ, சாட் போதாது. தீராவிட்டால் ஐகேமிங் ஒன்ராறியோ. விதிமீறல் என்றால் ஏஜிசிஓ.

வண்ணத்தி27

செல்ஃபி வழியில உறுதியாகிட்டுது. வங்கியில பேர் மாத்த நாளைக்குப் போறன், அதுவரைக்கும் காசு போடேல்லை.

இன்னொரு விசயம். நேற்று வாட்சப்பில ஒரு ஆள், "உங்கட 640 ஐ மீட்டுத் தருவம், 60 டொலர் கட்டுங்கோ" எண்டு எழுதினவர். தொகை சரியாச் சொல்றார்.

கணக்குப்பிள்ளை

தொகை சரியாகத் தெரிகிறதென்றால் அதே கூட்டம், அல்லது அவர்களிடம் உங்கள் விபரத்தை வாங்கியவர்கள். பதில் போட வேண்டாம். இலக்கம் தெரியும்படி ஸ்க்ரீன்ஷாட் எடுத்து, மோசடி தடுப்பு மையத்துக்கு அதே கோப்பு இலக்கத்தைச் சொல்லிச் சேர்க்கக் குடுங்கோ, பிறகு இலக்கத்தைத் தடுத்துவிடுங்கோ. அடுத்த வாரம் இன்னொருவர் வக்கீல் என்று சொல்லிக்கொண்டு வருவார், அவருக்கும் இதுவே.