மறுமொழி: ஓவர்ஸ்டியர், அண்டர்ஸ்டியர் – பனிச்சாலையில் ஓட்டிப் பார்த்தபின் சொல் தேர்வோம்

குழு அன்பர்களுக்கு வணக்கம்.

கார் ஓட்டுதல் பற்றிய ஆங்கிலச் சொற்களுக்குத் தமிழ்ச்சொல் தேடும் இந்த இழையின் முன்மொழிவுகள் எல்லாவற்றையும் படித்தேன். வளைவில் காரின் பின்பக்கம் பிடிவிட்டு வெளியே போவது ஓவர்ஸ்டியர்; முன்பக்கம் பிடிவிட்டு, திருப்பிய அளவுக்குக் கார் திரும்பாமல் போவது அண்டர்ஸ்டியர். இழையைத் தொடங்கிய ஐயா எழுதியது இது:

> ஓவர்ஸ்டியர் = மிகைத் திருப்பம், அண்டர்ஸ்டியர் = குறைத் திருப்பம். இரண்டும் இணையாக அமைகின்றன, மூலச்சொல்லுக்கும் நெருக்கமானவை.

அவருடைய உழைப்பின்மீது எனக்கு மிகுந்த மதிப்பு உண்டு. ஆனாலும் இந்த இரு சொற்களையும் நான் உறுதியாக எதிர்க்கிறேன், குறிப்பாக இரண்டாவதை. ஓசையிலோ இலக்கணத்திலோ எனக்குக் குறை தெரியவில்லை. சொல்லை நம்பி வண்டி ஓட்டுகிறவருக்கு அது தவறான வழியைக் காட்டுகிறது என்பதுதான் என் மறுப்பு.

இறுகிய பனி மூடிய வளைவு ஒன்றை எண்ணிக்கொள்ளுங்கள். உலர்ந்த தார்ச்சாலையில் டயருக்கும் தரைக்கும் இடையிலான உராய்வுக் கெழு ஏறத்தாழ 0.8 என்றால், இறுகிய பனியில் அது 0.2 அல்லது 0.3 ஆகிவிடும், வழவழப்பான பனிக்கட்டியில் 0.1 அளவுக்கும் இறங்கும். ஓட்டுநர் வளைவுக்குள் சற்று வேகமாகவே நுழைந்துவிட்டார். ஸ்டியரிங்கைத் திருப்புகிறார், முன்சக்கரங்கள் திரும்பி நிற்கின்றன, கார் மட்டும் நேராகவே போகிறது. இந்த நிலைக்குக் ‘குறைத் திருப்பம்’ என்று கையேட்டில் படித்தவர் என்ன செய்வார்? திருப்பியது குறைவு போலும் என்று இன்னும் திருப்புவார். அந்த நேரத்தில் செய்யவே கூடாதது அதுதான். முன்டயர்கள் பிடிமானத்தின் எல்லையை ஏற்கெனவே தாண்டிவிட்டன. மேலும் திருப்பினால் அவை குறுக்காக நின்று பனியை உழுமே தவிர காரைத் திருப்பா. ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை மெல்ல எடுத்து, திருப்பத்தைச் சிறிது தளர்த்தி, டயர் மறுபடி பற்றும்வரை பொறுத்திருக்க வேண்டும். ஓட்டிப் பழகியவருக்கே அந்தப் பொறுமை எளிதில் வராது. நாம் ஆக்கும் சொல்லும் அவரை எதிர்ப்பக்கம் தள்ள வேண்டுமா?

மூலச்சொற்கள் 1930களில், கார்களின் திரும்பும் பண்பை ஆராய்ந்த மாரிஸ் ஆலி போன்ற பொறியாளர்கள் வழியாகப் பரவியவை. அவர்கள் ஒப்பிட்டது முன்டயரின் நழுவுகோணத்தையும் பின்டயரின் நழுவுகோணத்தையும். பின்னது பெரிதானால் ஓவர்ஸ்டியர், முன்னது பெரிதானால் அண்டர்ஸ்டியர். ஓட்டுநரின் கை எவ்வளவு திரும்பியது என்பது அங்கே அளவுகோலே இல்லை. அப்படியிருக்க, எந்த அச்சின் டயர்கள் முதலில் கைவிடுகின்றன என்பதைத்தான் தமிழ்ச்சொல் சொல்ல வேண்டும். அதைத் தெரிந்துகொண்டவருக்கு அடுத்து என்ன செய்வது என்பதும் பாதி தெரிந்துவிடும்.

‘நழுவுகோணம்’ என்று எழுதினேன், அதையும் விளக்கிவிடுகிறேன். நழுவு, சறுக்கு, வழுக்கு என்று மூன்று வினைகள் நம்மிடம் இருக்கின்றன. இந்த இழையில் அவை ஒன்றுக்கொன்று மாற்றாகப் புழங்குவது எனக்கு வருத்தமாக இருக்கிறது. தரையின் இயல்பு வழுக்கல்: ‘பாதை வழுக்குகிறது’. பிடிவிட்டுப் போய்விடுவது சறுக்கல்: ‘யானைக்கும் அடி சறுக்கும்’. நழுவல் இவ்விரண்டினும் நுட்பமானது. வளைவில் நன்றாகப் பற்றிக்கொண்டிருக்கும் டயர்கூட, தான் நோக்கும் திசையில் துல்லியமாகப் போவதில்லை. ரப்பர் நெளிந்து சில பாகை விலகியே உருள்கிறது. அந்த நழுவல் இல்லாவிட்டால் பக்கவிசையே பிறக்காது. ஆகவே டயர் நோக்கும் திசைக்கும் போகும் திசைக்கும் இடைப்பட்டது நழுவுகோணம்; அது அளவு மீறிப் பிடிமானம் குலைந்தபின் நடப்பது சறுக்கல். பொறியியல் நூல்கள் கவனமாகப் பிரித்து வைத்திருப்பதைத் தமிழ் தன் வினைகளிலேயே பிரித்துத் தருகிறது. இதை நாம் கலைத்துவிடக் கூடாது.

இனி முதன்மைச் சொல்லான ஓவர்ஸ்டியருக்கு வருகிறேன். சிறிய பின்சக்கர இயக்கக் காரை வைத்துப் பார்ப்பதே நல்லது, ஏனென்றால் இந்த நிகழ்வு அதில்தான் ஒளிவுமறைவின்றித் தெரியும். 1989-இல் அறிமுகமான முதல் மாஸ்டா எம்எக்ஸ்-5 காரை எடுத்துக்கொள்வோம். எடை ஏறத்தாழ 1000 கிலோ. அதுவும் முன்னும் பின்னும் ஏறக்குறையச் சரிபாதி. முன்சக்கரத்துக்கும் பின்சக்கரத்துக்கும் இடைத்தொலைவு 2265 மில்லிமீட்டர்தான். இவ்வளவு குறுகிய, இலேசான கார் தன் அச்சில் மிக விரைவாகச் சுழலும். உலர்ந்த சாலையில் அதன் அழகே அதுதான். பனியில் அதே குணம் ஓட்டுநருக்குக் கிடைக்கும் நேரத்தைச் சுருக்கிவிடுகிறது.

ஒரு டயர் தரையிலிருந்து பெறக்கூடிய மொத்த விசைக்கு ஓர் எல்லை உண்டு. உந்துவதற்கும் நிறுத்துவதற்கும் திரும்புவதற்கும் அந்த ஒன்றைத்தான் பங்கிட வேண்டும். (இதைக் காட்டும் வரைபடத்துக்குப் ‘பிடிமான வட்டம்’ என்ற முன்மொழிவு எனக்கு முழு உடன்பாடு.) பின்சக்கர இயக்கத்தில் உந்தும் வேலை முழுவதும் பின்டயர்களுடையது. பனியில் ஆக்ஸிலரேட்டரைச் சற்றே அழுத்தினாலும் அவற்றின் பங்கு முழுவதும் உந்துதலுக்கே செலவாகிறது. பக்கவாட்டில் தாங்க எதுவும் மிஞ்சுவதில்லை. சக்கரம் வெறுமனே சுழல, காரின் பின்பக்கம் வளைவின் வெளிப்புறம் நோக்கிப் போய்விடுகிறது. இப்படி முன்னேற்றமின்றிச் சுழல்வதை ‘வெறுஞ்சுழற்சி’ என்று சொல்லலாம்.

காலை எடுத்தாலும் இதே நிலை நேரலாம்; இது பலருக்குப் புதிதாக இருக்கும். வளைவின் நடுவில் ஆக்ஸிலரேட்டரைச் சட்டென விட்டால் பாரம் முன்னே பெயர்கிறது, பின்டயர்கள் இலேசாகின்றன. அதோடு என்ஜின் தடுக்கும் விசை பின்சக்கரங்களில் மட்டும் விழுகிறது. கியரை ஒருபடி இறக்கி கிளட்ச்சை வேகமாக விட்டால், பனியில் அது கைபிரேக்கை இழுத்ததற்குச் சமம். இங்கே ஓட்டுநர் எதையும் ‘மிகையாகத் திருப்பவில்லை’. திருப்பம் கடுகளவும் மாறாமலே பின்பக்கம் வெளியே போய்விட்டது. மிகைத் திருப்பம் என்ற பெயர் இந்த நிகழ்வுக்கு எப்படிப் பொருந்தும்?

இரண்டாவது முன்மொழிவாகப் பின்சறுக்கல், முன்சறுக்கல் ஆகியவற்றைத் தந்த அம்மையார் அச்சைச் சரியாகப் பிடித்திருக்கிறார். என் கருத்துக்கு மிக அருகில் வந்தவர் அவர்தான். ஆனால் பனிமூடிய ஏற்றத்தில் கார் ஏற முடியாமல் பின்னோக்கிச் சறுக்குவதும் உண்டு; சிறிய பின்சக்கர இயக்கக் காரில் அது அன்றாட நிகழ்வு. ‘ஏற்றத்தில் பின்சறுக்கல் ஏற்பட்டது’ என்று ஒருவர் எழுதினால், வால் ஒதுங்கியதா, வண்டியே பின்னால் வந்ததா என்று எப்படி அறிவது?

ஆகவே நான் முன்மொழிவது பின்வீச்சு. பின்பக்கம் ஒரு பக்கமாக வீசப்படுவது. வீசுதல் என்ற வினையில் வளைந்த பாதையும் வேகமும் சேர்ந்தே இருக்கின்றன. பின்னோக்கிப் போவதாக யாரும் கருத மாட்டார்கள். அண்டர்ஸ்டியருக்கு முன்விலகல். ‘முன்வீச்சு’ என்று இணைசேர்க்க நான் முயலவில்லை. முன்பக்கம் வீசுவதே இல்லை. எண்ணிய பாதையை விட்டு அகன்று போகிறது, அவ்வளவுதான். இருக்கையில் அமர்ந்திருப்பவருக்கு இரண்டும் வெவ்வேறு உணர்வுகள். இணைச்சொல் வேண்டும் என்பதற்காக அந்த வேறுபாட்டை நாம் இழக்க வேண்டியதில்லை. ‘கார் பின்வீச்சில் போனது’, ‘பின்பக்கம் வீசியது’, ‘முன்பக்கம் விலகியது’, ‘இந்தக் கார் முன்விலகல் பண்புடையது’ என எல்லா வடிவங்களிலும் எழுதிப் பார்த்தேன், தடையின்றி வருகின்றன. பொதுவாக விற்பனைக்கு வரும் கார்களை முன்விலகல் பண்போடுதான் வடிவமைக்கிறார்கள். பெரும்பாலோர் இயல்பாகச் செய்யும் காரியம், அதாவது வேகத்தைக் குறைப்பது, அதற்கு மருந்தாகிவிடுவதுதான் காரணம்.

பின்வீச்சைச் சரிசெய்யும் செயலுக்கு ‘எதிர்த்திருப்பல்’ என்று மூவர் எழுதியிருந்தார்கள். இதிலும் எனக்குத் தயக்கம். எதற்கு எதிர்? வளைவுக்கு எதிர்ப்பக்கம் என்பது உண்மை. ஆனால் அது வால் போகும் அதே பக்கம். இடப்பக்க வளைவில் வால் வலப்புறம் வீசினால் ஸ்டியரிங்கையும் வலப்புறம் திருப்ப வேண்டும். ‘எதிர்’ என்றதும் வாலுக்கு எதிர்ப்பக்கம் என்று ஒருவர் பொருள்கொண்டால் கார் முழுவட்டம் சுழன்றுவிடும். தவிர, மோட்டார் சைக்கிளைச் சாய்க்கக் கைப்பிடியை எதிர்ப்புறம் தள்ளுவது முற்றிலும் வேறு செயல். அந்தச் சொல்லை அதற்கே விட்டுவிடலாம். காருக்கு ஈட்டுத்திருப்பல் என்று வைப்போம். ஈடுகட்டத் திருப்புவது. ஈடு என்றால் இழந்த அளவுக்கு, அதற்குமேல் இல்லை. இந்த அளவுப் பொருள் இங்கே மிகவும் தேவை. ஏனென்றால் பின்டயர்கள் பிடிமானத்தை மீட்ட கணத்திலேயே ஸ்டியரிங்கை நேராக்காவிட்டால், வால் மறுபக்கம் முன்னிலும் வேகமாக வீசும். பனியில் முதல் வீச்சைப் பிடித்துவிட்டு இரண்டாவதில் சாலையை விட்டு வெளியேறுபவர்கள் பலர். அந்த இரண்டாவதற்கு மறுவீச்சு என்று தனிப்பெயர் கொடுத்துவிட்டால் பயிற்றுநர்கள் அதைத் தனியாகவே கற்பிக்க முடியும்.

இச்சொற்கள் ஓட்டுநர் பயிற்சிக்கு மட்டும் அல்ல. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2014 நவம்பர் முதல் புதிய கார்கள் அனைத்திலும் மின்னணு நிலைப்புக் கட்டுப்பாடு கட்டாயம். பின்வீச்சு தொடங்கினால் அந்த அமைப்பு வளைவின் வெளிப்பக்க முன்சக்கரத்துக்கு பிரேக் கொடுத்து காரை நேராக்குகிறது. முன்விலகல் என்றால் உட்பக்கப் பின்சக்கரத்துக்கு. இந்த வாக்கியத்தில் மிகைத் திருப்பத்தையும் குறைத் திருப்பத்தையும் பொருத்திப் படித்துப் பாருங்கள். எந்தச் சக்கரம், ஏன் அந்தச் சக்கரம் என்பது மறைந்துபோகும்.

‘குளிர்கால டயர்’ பற்றி நீண்ட விவாதம் தேவையில்லை. அந்தப் பெயரே போதும். பனிடயர் என்று குறுக்க வேண்டாம் என்பது மட்டும் என் வேண்டுகோள். வெப்பநிலை ஏறத்தாழ 7 பாகை செல்சியசுக்குக் கீழே இறங்கும்போது கோடைக்கால டயரின் ரப்பர் இறுகத் தொடங்குகிறது. பனியே இல்லாத குளிர்ந்த சாலையிலும் வேறுபாடு தெரியும். குளிர்கால டயரின் மேற்பரப்புக் கட்டைகளில் வெட்டியிருக்கும் மெல்லிய கோடுகளுக்குக் ‘கீற்று’ என்பது அழகாக இருக்கிறது. பின்சக்கர இயக்கக் காரில் குளிர்கால டயரைப் பின்னால் மட்டும் மாட்டுவது ஆபத்தானது என்பதையும் விளக்கக் குறிப்பில் சேர்க்க வேண்டும். கார் கிளம்பிவிடும். ஆனால் திரும்பவும் நிற்கவும் முன்டயர்கள் வேண்டுமே.

சாலைமேல் படியும் ஒளிபுகும் பனிக்கட்டிப் படலத்துக்குக் ‘கரும்பனி’ வேண்டாம், ‘கண்ணாடிப்பனி’ என்றார் ஒரு நண்பர். முழுமனத்துடன் ஏற்கிறேன். அதற்கு நிறமே இல்லை. அடியிலுள்ள சாலை தெரிவதால்தான் கண் ஏமாறுகிறது. கரிய நிறத்தில் ஒன்றைத் தேடிக்கொண்டு போகிறவர் அதன்மேல் ஏறியபின்தான் அறிவார்.

கடைசியாக டிரிஃப்ட். வேண்டுமென்றே பின்வீச்சை உண்டாக்கி, ஆக்ஸிலரேட்டராலும் ஈட்டுத்திருப்பலாலும் அதை அப்படியே நிறுத்தி ஓட்டும் கலை. இதற்கு ‘வழுவமைதி’ என்ற முன்மொழிவைக் கண்டதும் மகிழ்ந்தேன். பிழையே ஆயினும் காரணம் பற்றி ஏற்கப்படுவது என்று நம் இலக்கணிகள் வகுத்த கருத்து, இங்கே வியக்கத்தக்க முறையில் பொருந்துகிறது. ஆனாலும் அது ஏற்பைக் குறிக்கும் சொல், இயக்கத்தைக் குறிப்பதன்று. ‘வளைவு முழுவதும் வழுவமைதியில் ஓட்டினார்’ என்றால் புதிய வாசகர் திகைப்பார். இதே சொற்குடும்பத்தில் நிலைவீச்சு இருக்கட்டும் என்பது என் கருத்து. இதில் எனக்கு உறுதி குறைவு. இதைவிட நல்லது வந்தால் உடனே ஏற்பேன்.

பின்வீச்சு, முன்விலகல், ஈட்டுத்திருப்பல், மறுவீச்சு ஆகிய நான்குக்கும் மாற்றுக் கருத்துடையோர், சொல்லோடு ஒரு முழு வாக்கியமும் எழுதி அனுப்புங்கள். வளைவில், பனியில், கார் என்ன செய்கிறது என்பதைச் சொல்லும் வாக்கியமாக அது இருக்கட்டும்.

அன்புடன்.