கம்பெனி ஊரும் நகரசபை ஊரும்

குழு: சாம்பியன் ரீஃப் குடும்பம்

சித்தப்பா: (பலமுறை பகிரப்பட்டது) ஆசியாவிலேயே முதன்முதலில் மின்சாரம் பெற்ற ஊர் நம் கேஜிஎஃப், அதாவது கோலார் தங்கவயல்! உண்மையான தங்கவயல்காரன் இதைப் பத்துப் பேருக்கு அனுப்புவான்!

நிலா: சித்தப்பா, டார்ஜிலிங்கில் 1897இலேயே மின்விளக்கு எரிந்திருக்கிறது. நமக்கு வந்தது 1902இல்தானே?

சித்தப்பா: சென்னைக்குப் போனவர்களுக்கு ஊர்ப் பெருமை கசக்கிறது.

பெரியப்பா: நிலா சொல்வது சரிதான். பெருமைப்பட வேண்டுமானால் வேறு விஷயம் இருக்கிறது. சிவசமுத்திரத்தில் காவிரி அருவியிலிருந்து நம் ஊர் வரை சுமார் 147 கிலோமீட்டர் கம்பி இழுத்தார்கள். அந்தக் காலத்தில் அவ்வளவு தூரத்துக்கு மின்சாரம் கொண்டுபோவதே பெரிய காரியம். பெங்களூருக்கு விளக்கு வந்தது 1905இல்.

தினேஷ்: பெங்களூருக்கு முன்பே நமக்கா? அப்போது நம் நகரசபை நன்றாகத்தான் வேலை செய்திருக்கிறது.

பெரியப்பா: நகரசபைக்கும் அதற்கும் என்னப்பா சம்பந்தம்? தங்கச் சுரங்கம் நடத்திய ஜான் டெய்லர் கம்பெனிக்காக மைசூர் அரசு செய்துகொடுத்த ஏற்பாடு அது. சுரங்கத்துக்கும் மில்லுக்கும் மின்சாரம், ஊர்காமில் துரைமார் பங்களாக்களுக்கு மின்சாரம். என் தாத்தா இருந்த லைன் வீட்டில், அதாவது தொழிலாளர் குடியிருப்பில், மண்ணெண்ணெய் விளக்குதான்.

மரகதம் அத்தை: லைன் வீடு என்று மரியாதையாகச் சொல்கிறீர்கள் அண்ணா. மூங்கில் தட்டி வைத்த குடிசை என்று அம்மா சொல்லுவார். நிமிர்ந்து நிற்க முடியாதாம்.

தினேஷ்: அப்படியானால் ஊரை யார்தான் நிர்வகித்தார்கள்?

பெரியப்பா: பொறு, கண்ணாடியை எடுத்து வருகிறேன்.

பெரியப்பா: லவெல் என்ற அயர்லாந்துக்காரர் 1873இல் மைசூர் அரசிடம் தங்கம் தோண்ட உரிமம் கேட்டு, 1875இல் வாங்கினார். பெங்களூரில் நீ தினமும் கடக்கும் லவெல் ரோடு அவர் பெயரில்தான். அவரிடமிருந்து கைமாறி, 1880இல் டெய்லர் கம்பெனி வந்தது. வட ஆற்காடு, சேலம் பக்கமிருந்து ஆட்கள் வந்தார்கள், பெரும்பாலும் நம்மைப் போன்ற தாழ்த்தப்பட்ட குடும்பங்கள். சுரங்கத்தைச் சுற்றி ஆட்கள் பெருகியபோது காலராவும் பிளேக்கும் பயமுறுத்தின. அதற்காக வந்ததுதான் சானிட்டரி போர்டு. பெயரைக் கவனி. குப்பை, சாக்கடை, கொள்ளைநோய். அதற்குமேல் ஊர்க்காரனுக்கு எதுவும் தேவையில்லை என்று நினைத்தார்கள்.

நிலா: அதில் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுத்தவர்கள் இருந்தார்களா பெரியப்பா?

பெரியப்பா: அதிகாரிகளும் கம்பெனிக்காரர்களும் உட்கார்ந்த மேசை அது. கேஜில், அதாவது கூண்டில், சுரங்கத்துக்குள் இறங்கியவனுக்கு அங்கே நாற்காலி இல்லை. ராபர்ட்சன்பேட்டை வேறு கதை. கடைக்காரர்களுக்காகவும் வெளியாட்களுக்காகவும் மைசூர் அரசு நேர்கோட்டில் தெரு போட்டுக் கட்டிய ஊர் அது. மைசூரில் அப்போது பிரிட்டிஷ் அரசின் பிரதிநிதியாக (ரெசிடென்ட்) இருந்த டொனால்ட் ராபர்ட்சன் பெயரை வைத்தார்கள். பிற்பாடு நகரசபை என்று வளர்ந்தது அந்தப் பேட்டைதான். சுரங்கப் பகுதி கம்பெனி கையில். ஒரே ஊரில் இரண்டு ராஜ்யம்.

சித்தப்பா: மூன்று. போலீஸை விட்டுவிட்டாய் அண்ணா. கோலார் மாவட்டத்துக்கு ஒரு எஸ்.பி., நமக்குத் தனி எஸ்.பி. ஒரே மாவட்டத்தில் இரண்டு பேர்! தங்கத்தை மடியில் கட்டிக்கொண்டு போய்விடுவோம் என்று அவ்வளவு பயம்.

மரகதம் அத்தை: தண்ணீரைப் பற்றியும் சொல்லுங்கள். பேத்தமங்கலத்தில் பாலாற்றுத் தண்ணீரைத் தேக்கிச் சுத்தம் செய்து அனுப்பினார்கள். நான் சின்னப்பெண்ணாக இருந்தபோது தெருக் குழாயில் வந்த தண்ணீரின் ருசி இன்னும் நாக்கில் இருக்கிறது. ஆஸ்பத்திரியும் அப்படித்தான். சட்டம் போட்டு நகரசபை செய்ய வேண்டியதையெல்லாம் கம்பெனியே செய்தது.

தினேஷ்: அப்படியானால் கம்பெனி ஆட்சி நல்லதுதான் என்கிறீர்களா அத்தை?

மரகதம் அத்தை: தண்ணீர் நல்லது என்றேன். ஆட்சியைப் பற்றி உன் பெரியப்பாவிடம் கேள்.

பெரியப்பா: 1930இல் கைரேகை பதியச் சொன்னார்கள். திருடனைப் போல ரேகை வைக்க மாட்டோம் என்று ஆயிரக்கணக்கானோர் வேலைக்குப் போகாமல் நின்றார்கள். 1946 நவம்பர் 4 துப்பாக்கிச்சூட்டில் ஆறு பேர் செத்தார்கள். ஒவ்வோர் ஆண்டும் அந்த நாளில் ஏன் மாலை போடுகிறோம் என்று இப்போது தெரிகிறதா? நகரசபையில் கேட்க வழியில்லாதவன் தொழிற்சங்கத்தில் கேட்டான். நமக்குத் தொழிற்சங்கம்தான் உள்ளாட்சி. இன்னொன்று, அயோத்திதாசரின் பௌத்த சங்கத்துக்கு மாரிக்குப்பத்திலும் சாம்பியன் ரீஃபிலும் கிளை இருந்தது. அவர் நடத்திய ‘தமிழன்’ பத்திரிகையை அவருக்குப் பிறகு அப்பாதுரையார் இங்கிருந்து நடத்தினார். பள்ளிக்கூடம், அச்சகம் எல்லாம் இந்தப் பௌத்த சங்கத்தார் சொந்தக் கைக்காசில் செய்தவை.

நிலா: கர்நாடகத்தில் இருக்கும் நம் தொகுதியில் கம்யூனிஸ்ட், இந்தியக் குடியரசுக் கட்சி, அதிமுக என்று மாறிமாறி ஜெயித்தது அதனால்தானா?

சித்தப்பா: அந்தத் தேர்தல் கதைகளை எழுதினால் போன் சார்ஜ் தீர்ந்துவிடும்.

பெரியப்பா: சுருக்கமாக முடிக்கிறேன். சுரங்கத்தை 1956இல் மைசூர் அரசு எடுத்தது, 1962இல் மத்திய அரசு, 1972இல் மத்திய அரசின் பாரத் கோல்ட் மைன்ஸ் நிறுவனம் (பிஜிஎம்எல்), 2001 பிப்ரவரி 28இல் பூட்டு. சுமார் 120 ஆண்டில் 800 டன் தங்கம் போனது. அதன் பிறகுதான் எல்லோரும் நகரசபையைத் திரும்பிப் பார்த்தார்கள். தங்கம் இருந்தவரை ஊர் கம்பெனியுடையது, சாக்கடை மட்டும் மிஞ்சியபோது வார்டு உறுப்பினருடையது.

தினேஷ்: நேற்று ரயிலில் ஒருவர் கேட்டார், உங்களுக்குச் சொந்த வீடு உண்டா என்று. என்ன சொல்வது என்றே தெரியவில்லை.

பெரியப்பா: அதுதான் முடிச்சு. நீ ஓட்டுப் போடுவது ராபர்ட்சன்பேட்டை நகரசபைக்கு. உன் வீடு நிற்கும் நிலம் பிஜிஎம்எல் பெயரில், அதாவது டெல்லியுடையது. தாலுகா என்று பார்த்தால் அண்மையில்தான் பங்காருப்பேட்டையிலிருந்து பிரித்துத் தனியாகக் கொடுத்தார்கள். கழிவறை கட்டக்கூட யாரிடம் கேட்பது என்று யோசிக்க வேண்டிய நிலை.

நிலா: தங்கம் பிரித்தபின் கொட்டிய கழிவு மண் குவிந்த சயனைடு மேடுகளைத் தோண்ட 2024இல் மாநில அமைச்சரவை சம்மதித்ததே. 13 மேடு, 3.3 கோடி டன் மண். அதில் ஊருக்குப் பங்கு வருமா?

பெரியப்பா: சட்டப்படி கனிம நிதி மாவட்ட அளவில் சேரும், நகரசபைப் பெட்டிக்குள் நேராக வராது. காற்றடித்தால் அந்த மண் விழுவது நம் சோற்றில், முடிவெடுப்பது கோலாரில். ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் இதைத்தான் கேட்க வேண்டும். முதலில் வீட்டுக்குப் பத்திரம். பிறகு மேட்டில் கிடைக்கும் பணத்தில் இந்த ஊருக்கென்று ஒதுக்கீடு.

மரகதம் அத்தை: கேட்பதை மனுவாக எழுதிக் கொடுங்கள். தமிழில் கொடுத்தால் மேசையிலேயே கிடக்கும். தினேஷ், நீதான் கன்னடம் நன்றாக எழுதுவாய்.

தினேஷ்: சனிக்கிழமை இரவு எழுதித் தருகிறேன் அத்தை. எந்த லைனில் எத்தனை வீடு, யாரிடம் பழைய ஒதுக்கீட்டுக் காகிதம் இருக்கிறது என்ற பட்டியல் மட்டும் வேண்டும்.

சித்தப்பா: எங்கள் லைன் பட்டியலை நான் எடுக்கிறேன். காகிதத்தைப் போனில் படம் எடுத்து அனுப்பலாமா, ஜெராக்ஸ் வேண்டுமா?

தினேஷ்: இரண்டும்.