தங்கக் காசு சேமிப்பு: சின்னச் சின்னதாக வாங்குவதா, பொறுத்திருந்து ஒரு அவுன்ஸாக வாங்குவதா?

புதுக்கை எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். கையில் மிஞ்சுகிற பணத்தைத் தங்கக் காசாகச் சேர்க்க ஆரம்பித்திருக்கிறேன். நகை வேண்டாம், காகிதத் தங்கமும் (பத்திரம், ஃபண்ட் மாதிரி) வேண்டாம். எடுத்துப் பார்க்கிற மாதிரி காசாக இருக்க வேண்டும். இப்போதைக்கு சாவரின் என்கிற பழைய பிரிட்டிஷ் தங்கக் காசு இரண்டு வைத்திருக்கிறேன். அடுத்து என்ன வாங்குவது என்பதில்தான் குழப்பம். மாதாமாதம் ஒரு கிராம் காசு வாங்குவது சுலபமாகத் தெரிகிறது. இன்னொரு பக்கம், பொறுத்திருந்து ஒரு அவுன்ஸ் (31.1 கிராம் தங்கம்) காசாக வாங்கு என்கிறார்கள். 22 காரட்டா 24 காரட்டா என்பதும் புரியவில்லை. சீனப் பாண்டா காசு வருடா வருடம் புதுப் படத்தோடு வருகிறதே, அதையே சேமிப்பாக எடுத்துக்கொண்டால் என்ன? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

அமைதிவழி எழுதியது:

ஒரு கிராம் காசு வேண்டவே வேண்டாம். விற்கப் போகும்போது தெரியும். மற்றதைத் தராசுமுள் அண்ணன் வந்து சொல்வார்.

தராசுமுள் எழுதியது:

வந்துவிட்டேன். தம்பி, முதலில் சேமிப்புக்கு ஒரு டப்பா, ஆசைக்கு ஒரு டப்பா என்று பிரித்துவிடுங்கள். பாண்டா ஆசை டப்பாவில் போகட்டும். எனக்கும் அந்த ஆசை உண்டு, குறை சொல்லவில்லை. சேமிப்பு டப்பாவுக்கு வாங்கும்போது நான் போடுவது ஒரே ஒரு கணக்குதான். கொடுக்கிற மொத்தத் தொகையைக் காசுக்குள் இருக்கும் சுத்தத் தங்கத்தின் எடையால் வகுக்க வேண்டும். எதில் குறைவாக வருகிறதோ அதை வாங்குவேன். காசில் யார் முகம் இருக்கிறது, எந்த மிருகம் இருக்கிறது என்பதெல்லாம் அப்புறம். வாங்குகிற அன்றைக்கே, அதே காசைத் திருப்பிக் கொடுத்தால் என்ன தருவீர்கள் என்றும் கேட்டுவிடுங்கள். அதற்கு நேராகப் பதில் சொல்லாத இடத்தில் நான் வாங்குவதில்லை.

ஒரு கிராம் காசையும் ஒரு அவுன்ஸ் காசையும் அச்சடிக்கிற வேலை கிட்டத்தட்ட ஒன்றுதான். வில்லை வெட்ட வேண்டும், அச்சு, சோதனை, உறை எல்லாம் வேண்டும். அந்தச் செலவு ஒன்றில் 31 கிராம் மேல் பரவுகிறது, மற்றதில் ஒரே கிராம் தலையில் விழுகிறது. அதனால்தான் காசு சின்னதாகச் சின்னதாகப் பிரீமியம், அதாவது தங்க விலைக்கு மேல் கொடுக்கிற கூடுதல், சதவீதத்தில் ஏறுகிறது. அதற்காக எல்லாவற்றையும் ஒரு அவுன்ஸாகவே வைத்தாலும் சிக்கல். கொஞ்சம் பணம் தேவைப்படும் நாளில் அவுன்ஸ் காசைப் பிய்த்துக் கொடுக்க முடியாது. நடுவில் நிற்பது கால் அவுன்ஸும் சாவரினும்தான். நான் சாவரினுக்குக் கீழே இறங்குவதே இல்லை. மாதம் ஒதுக்குகிற பணத்தைச் சேர்த்து வைத்துவிட்டு, ஒரு சாவரினுக்கு எட்டியதும் வாங்குங்கள்.

22, 24 பற்றி வீணாகக் கவலைப்பட வேண்டாம். தென்னாப்பிரிக்காவின் குருகராண்ட் 1967 முதல் 22 காரட்தான். மொத்த எடை 33.93 கிராம், அதில் சுத்தத் தங்கம் 31.1 கிராம். கனடாவின் மேப்பிள் லீஃபில் நான்கு ஒன்பது தங்கம் (99.99 சதவீதம்), மொத்த எடையே 31.1 கிராம். இரண்டிலும் தங்கம் ஒன்றேதான். குருகராண்டில் கூடுதலாக இருக்கும் செம்பு கீறல் விழாமல் காக்கிறது, கொஞ்சம் சிவப்பும் தருகிறது. மேப்பிள் மெத்தென்ற உலோகம், விளிம்பில் சட்டென்று அடிபட்டுவிடும். எடுத்து எடுத்துப் பார்க்கிற ஆளுக்கு 22 நல்லது.

பாண்டாவில் ஒரு விஷயம். 2015 வரை அது அவுன்ஸ் கணக்கு, 2016 முதல் பெரிய காசு 30 கிராம்தான். அவுன்ஸ் விலையோடு ஒப்பிட்டுப் பார்க்கிறவர்கள் இந்த ஒரு கிராமைக் கவனிப்பதில்லை. பிரிட்டனின் பிரிட்டானியா காசிலும் இதே மாதிரி ஒன்று உண்டு. 2012 வரை 22 காரட், 2013 முதல் நான்கு ஒன்பது. தங்கம் மாறவில்லை, மொத்த எடை மாறிவிட்டது. பழையதைத் தராசில் போட்டுவிட்டுப் பயந்து போனவர்கள் உண்டு.

புதுக்கை எழுதியது:

மிக்க நன்றி அண்ணா. சாவரின் என்றால் 8 கிராம் தங்கம் என்றல்லவா நினைத்திருந்தேன்? என்னிடம் இருப்பதில் ஒன்று 7.96 காட்டுகிறது. போலியாக இருக்குமோ? காந்தத்தில் ஒட்டவில்லை.

தராசுமுள் எழுதியது:

மொத்த எடை 7.98 கிராம், சுத்தத் தங்கம் 7.32. வகுத்துப் பார்க்கும்போது 7.32-ஐத்தான் போட வேண்டும். 7.96 என்பது கைமாறிக் கைமாறித் தேய்ந்தது. புழக்கத்தில் இருந்த காலத்தில் 7.93-க்குச் சற்று மேல் வரை செல்லும் காசுதான். அதற்குக் கீழே போனால்தான் கழித்தார்கள்.

காந்தம் இரும்பு, நிக்கல் போலிகளை மட்டும்தான் காட்டிக் கொடுக்கும். செம்பு, பித்தளை, ஈயம் எதுவும் காந்தத்தில் ஒட்டாது. எடையோடு விட்டத்தையும் தடிமனையும் சேர்த்து அளந்து பாருங்கள். சாவரின் 22.05 மில்லிமீட்டர் விட்டம், ஒன்றரை மில்லிமீட்டர் தடிமன். பித்தளையில் இதே அளவுக்குச் செய்தால் எடை பாதியைத்தான் தொடும். எடையைச் சரிக்கட்டினால் தடித்துவிடும். மூன்றும் ஒருசேரப் பொருந்தினால் மலிவு உலோகங்கள் அங்கேயே விலகிவிடும்.

இன்னும் சந்தேகம் என்றால் தண்ணீர்ச் சோதனை. டிஜிட்டல் தராசில் ஒரு கப் தண்ணீர் வைத்துப் பூஜ்ஜியமாக்குங்கள். காசை மெல்லிய நூலில் கட்டி முழுவதும் மூழ்கும்படி தொங்க விடுங்கள். அடியிலும் பக்கத்திலும் படக்கூடாது, காசில் காற்றுக் குமிழி ஒட்டியிருந்தால் தட்டிவிட வேண்டும். இப்போது தராசு காட்டுவது காசு ஒதுக்கிய தண்ணீரின் எடை. காசின் எடையை அதனால் வகுத்தால் அடர்த்தி. சாவரினுக்கு 0.45 காட்டினால் 17.7 வரும், 22 காரட்டுக்கு அது சரி.

இதில் ஒரு நுணுக்கம். சாதாரணத் தராசு 0.01 கிராம் முன்பின் ஆடும். 0.44 என்றால் 18.1, 0.46 என்றால் 17.3. சின்னக் காசுக்கு இந்த ஆட்டம் பெரிது. அதனால் மூன்று தசமம் காட்டும் தராசு இருந்தால்தான் முடிவாகச் சொல்லலாம். ஒரு அவுன்ஸ் மேப்பிளில் 1.61 வரும், அடர்த்தி 19.3. அங்கே வேறு தொல்லை. டங்ஸ்டனின் அடர்த்தி 19.25. உள்ளே டங்ஸ்டன் வைத்துத் தங்கம் போர்த்திய போலியைத் தண்ணீர் பிடிக்காது. விரல் நுனியில் நிறுத்திச் சுண்டினால் நல்ல காசு நீளமாக ஒலிக்கும், போலி பெரும்பாலும் மொட்டையாக அடங்கிவிடும். அதுவும் போதாது என்றால் மின்கடத்தலை அளக்கும் கருவி வைத்திருக்கும் வியாபாரியிடம் கொண்டுபோங்கள்.

பழங்காசு எழுதியது:

அண்ணன் சொன்ன கணக்கில் எனக்கு ஒரே ஒரு மறுப்பு. பழைய சாவரினைக் கிராமாக மட்டும் பார்த்து விற்றுவிடாதீர்கள் தம்பி. ஆண்டையும், எந்த நாணயச் சாலையில் அடித்தது என்று காட்டும் அச்சகக் குறியையும் முதலில் பாருங்கள். பின்பக்கப் படத்தில் செயின்ட் ஜார்ஜ் ஏறியிருக்கும் குதிரைக்குக் கீழே, தரைக்கோட்டின் நடுவில் பொடியாக ஓர் எழுத்து இருக்கலாம். பம்பாயில் 1918-இல் மட்டும் அடித்ததில் ஆங்கில ‘ஐ’ இருக்கும். தென்னாப்பிரிக்காவின் பிரிட்டோரியா அச்சகம் என்றால் ‘எஸ்ஏ’. சில ஆண்டும் குறியும் சேர்ந்தால் தங்க விலையைவிடக் கணிசமாக மேலே போகும்.

தராசுமுள் எழுதியது:

ஒப்புக்கொள்கிறேன். ஏற்கெனவே கையில் இருப்பதைப் பூதக்கண்ணாடி வைத்துப் பார்ப்பதில் செலவில்லை. ஆனால் அரிது என்று சொல்லிக் கூடுதல் விலை கேட்டால், தம்பி, அது ஆசை டப்பா. சேகரிப்பவர்களுக்கென்று தனியாக அடித்துப் பெட்டியில் பளபளவென்று வரும் ப்ரூஃப் காசும் அப்படியே. குருகராண்டில் ப்ரூஃபை விளிம்பிலேயே கண்டுபிடிக்கலாம். அதில் 220 பல், சாதாரணக் காசில் 160. அந்த அறுபது பல்லுக்குக் கொடுத்த கூடுதல் பணம் உருக்குகிறவரிடம் திரும்பாது.

புதுக்கை எழுதியது:

இன்றிரவே பூதக்கண்ணாடி. கடைசியாக ஒன்று: ஒரு சாவரின் மங்கலாக இருக்கிறது, சோப்புத் தண்ணீரில் கழுவித் துடைக்கலாமா?

பழங்காசு எழுதியது:

துடைக்காதீர்கள்! தேய்த்த கோடு பூதக்கண்ணாடியில் அப்படியே தெரியும். சேகரிப்பவர் பிறகு உலோக விலைதான் தருவார்.

தராசுமுள் எழுதியது:

இதில் நாங்கள் இருவரும் ஒரே கட்சி. விளிம்பைப் பிடித்து எடுங்கள். 22 மில்லிமீட்டர் கேப்ஸ்யூல் (காசு வைக்கும் கெட்டிப் பிளாஸ்டிக் சிமிழ்) வாங்கி அதில் போடுங்கள். பிவிசி உறை மட்டும் வேண்டாம், நாளாக ஆகப் பிசுபிசுவென்று காசில் ஒட்டிக்கொள்ளும். அப்புறம் எழுத்து ஏதாவது தெரிந்தால் ஆண்டோடு சேர்த்து இங்கேயே போடுங்கள், பழங்காசு பார்த்துச் சொல்வார்.